ஒரே சென்சார், இரண்டு சுபாவம்

ஃபுஜிஃபில்ம் 2022-இல் வெளியிட்ட எக்ஸ்-டி 5 மிரர்லெஸ் கேமராவுக்குள் இருப்பதும், 2024 பிப்ரவரியில் அறிவித்த எக்ஸ் 100 சிக்ஸ் காம்பாக்ட் கேமராவுக்குள் இருப்பதும் ஒரே ரகச் சென்சார்தான். 4 கோடி பிக்ஸல், ஏபிஎஸ்-சி அளவு. முன்னதில் லென்ஸைக் கழற்றி மாட்டலாம். பின்னதில் தொழிற்சாலையில் பூட்டிய 23 மி.மீ. லென்ஸ்தான் ஆயுள் முழுக்க. சென்சார் பொதுவாகிவிட்ட பிறகு "எதில் படம் நன்றாக வரும்?" என்ற கேள்விக்கு அர்த்தமில்லை. ஆனாலும் கேமரா வாங்கப் போகிறவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள், கடைக்காரர்களும் சளைக்காமல் பதில் சொல்கிறார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் வட்டத்து மண்ணூரில் இருக்கும் ஒருவர் சம்பளப் பணத்தில் ஒரு நல்ல கேமரா வாங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் அவருக்குப் படமாகக் கூடியவை என்னென்ன? இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு, ரெனோ என வரிசையாகத் தொழிற்சாலைகள். அவற்றின் மதிலுக்குள் கேமராவுக்கு இடமில்லை. பல இடங்களில் கைபேசியின் கேமரா மேலேயே ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுகிறார்கள். மிஞ்சுவது மதிலுக்கு வெளியே உள்ள உலகம். விடிவதற்கு முன் கம்பெனிப் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள், டீக்கடை, பிற மாநிலத்துப் பிள்ளைகள் தங்கும் வாடகை அறைகள், ஏரிகள், ஏரிக்கு வரும் பறவைகள், சித்திரைத் திருவிழாவின்போது ஸ்ரீபெரும்புதூர் வீதிகள். இவற்றில் சில, கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கின்றன. சில, கரையிலிருந்து எட்டவே எட்டாத தூரத்தில். கேமராத் தேர்வு முழுவதும் இந்தத் தூரக் கணக்குதான்.

சிறு காம்பாக்ட் கேமராக்களின் கதையில் இந்த வட்டாரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 2006 முதல் 2014 வரை நோக்கியா கைபேசிகள் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியாகின. இன்று சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன்களைத் தயாரிக்கிறது. 2010-இல் உலகெங்கும் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் கப்பலேறின. அவற்றில் பெரும்பகுதி சட்டைப்பை காம்பாக்ட்டுகள். 2023-இல் மொத்த எண்ணிக்கையே 80 லட்சத்தைத் தொடவில்லை. சுண்டுவிரல் நகம் அளவுச் சென்சார் வைத்த மலிவு காம்பாக்ட்டைக் கைபேசி விழுங்கிவிட்டது. பிழைத்துக்கொண்டவை கைபேசியால் எட்ட முடியாத அளவுக்குச் சென்சாரைப் பெருக்கிக்கொண்ட காம்பாக்ட்டுகள்தான் பெரும்பாலும்.

அளவுகளை ஒருமுறை பார்த்துவிடலாம். முழு ஃபிரேம் சென்சார் 36-க்கு 24 மி.மீ.; சினிமாச் சுருளின் கட்டத்தை இரட்டித்து ஆஸ்கர் பர்னாக் லைக்காவுக்காக வகுத்த அதே அளவு. ஏபிஎஸ்-சி ஏறக்குறைய 23.5-க்கு 15.6. சோனி ஆர்எக்ஸ்100 வரிசையில் வரும் 'ஒரு அங்குல' சென்சார் 13.2-க்கு 8.8 மி.மீ. மட்டுமே. அதில் எந்தப் பக்கமும் ஓர் அங்குலம் கிடையாது. பழைய தொலைக்காட்சிக் கேமராக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்து வந்த பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏபிஎஸ்-சியின் பரப்பு அதைப்போல மூன்று மடங்கு. பரப்பு கூடினால் பிடிபடும் வெளிச்சமும் கூடும். அதிகாலை டீக்கடையின் ஒற்றை பல்பு வெளிச்சத்தில் முகம் தெளிவாக வருமா, புள்ளி புள்ளியாக வருமா என்பதை முடிவு செய்வது இந்தப் பரப்பும் லென்ஸின் வாயகலமும்தான்.

வாயகலம் என்ற இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மிரர்லெஸ் பாடியோடு சலுகை விலையில் வரும் கிட் லென்ஸ் பெரும்பாலும் எஃப் 3.5-இல் தொடங்கி, ஜூம் செய்யச் செய்ய எஃப் 5.6-க்கு இறங்கிவிடும். எக்ஸ் 100 சிக்ஸின் லென்ஸ் எஃப் 2. எஃப் 2-க்கும் எஃப் 5.6-க்கும் இடையே வெளிச்சத்தில் எட்டு மடங்கு வித்தியாசம். ஆக, அதே சென்சாரைக் கிட் லென்ஸோடு பயன்படுத்துகிறவர், இருட்டில் காம்பாக்ட்காரரிடம் தோற்றுப்போகிறார். மிரர்லெஸ்ஸை வாங்கிவிட்டு இரண்டாவது லென்ஸ் வாங்காமலே காலம் தள்ளுபவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பதும் லென்ஸ் மாற்றாத கேமராதான். என்ன, சற்றுக் கனமானது, சற்று மங்கலானது.

கண்ணாடியை எடுத்துவிட்டதால் மிரர்லெஸ்ஸுக்குக் கிடைத்த ஆதாயம் இடம். கேனனின் பழைய எஸ்எல்ஆர் கேமராக்களில் லென்ஸ் பூட்டும் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் நடுவே 44 மி.மீ. இடைவெளி வேண்டியிருந்தது, கண்ணாடி எழும்பி விழ. ஃபுஜி மிரர்லெஸ்ஸில் அது 17.7 மி.மீ. இந்த வழியில் முதலில் போனது 2008-இல் வந்த பேனசோனிக் ஜி1. இடைவெளி குறைந்ததால் ஒரு வளையத்தை இடையில் பூட்டி அப்பா காலத்து லென்ஸையும் மாட்டிக்கொள்ளலாம். ரசிகர்களுக்கு இது பெரிய கொண்டாட்டம்.

காம்பாக்ட் அதற்கும் ஒரு படி மேலே போகிறது. லென்ஸைக் கழற்றவே போவதில்லை என்று தீர்மானித்துவிட்டால், அதன் கடைசிக் கண்ணாடித் துண்டைச் சென்சாரை ஒட்டியே நிறுத்தலாம். அந்த ஒரு சென்சாருக்காகவே, அந்த ஒரு லென்ஸை இழைக்கலாம். ரிக்கோ ஜிஆர் த்ரீ பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 257 கிராம்தான். உள்ளே இருப்பது முழு ஏபிஎஸ்-சி சென்சார். எக்ஸ்-டி 5 அதே கணக்கில் லென்ஸ் இல்லாமலே 557 கிராம், 23 மி.மீ. எஃப் 2 லென்ஸைப் பூட்டினால் 700 கிராமைத் தாண்டும். எக்ஸ் 100 சிக்ஸ் 521 கிராமில் அதே வேலையை முடித்துவிடுகிறது.

இன்னொரு நுட்பம் ஷட்டர். மிரர்லெஸ்ஸில் ஷட்டர் சென்சாருக்கு முன்னால் திரைபோல ஏறி இறங்குகிறது. இந்தக் காம்பாக்ட்டுகளில் அது லென்ஸுக்குள்ளேயே இதழ் இதழாக விரிந்து மூடுகிறது. இலை ஷட்டர் என்பார்கள். சத்தம் கிட்டத்தட்ட இல்லை. அதைவிடப் பெரிய லாபம், ஃப்ளாஷ். சித்திரை வெயிலில் ஸ்ரீபெரும்புதூர் வீதியில் குடைக்கு அடியில் நிற்கும் ஒருவரின் முகம் கருத்துத்தான் விழும். நிழலை நிரப்ப ஃப்ளாஷ் வேண்டும். மிரர்லெஸ்ஸில் ஃப்ளாஷோடு ஒத்துப்போகும் வேகம் பொதுவாக 1/250 நொடியோடு முடிந்துவிடுகிறது. வெயிலைச் சமாளிக்க எஃப் 11 வரை மூட வேண்டும். அதற்குப் பெரிய ஃப்ளாஷ் தேவை. இலை ஷட்டரில் 1/1000 நொடி, எஃப் 5.6 என்று வைக்கலாம். ஃப்ளாஷுக்குக் கால்பங்கு சக்தி போதும், எக்ஸ் 100 சிக்ஸோடு வரும் குட்டி ஃப்ளாஷே வேலையை முடித்துவிடும். மிரர்லெஸ்ஸின் எலக்ட்ரானிக் ஷட்டரிலும் சத்தம் வராதே என்று கேட்கலாம். வராதுதான். ஆனால் திருவிழா எல்இடி விளக்குகளின் கீழ் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். ஓடும் பேருந்து சாய்ந்து நிற்கும்.

தமிழ்நாட்டு ஸ்டூடியோக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு ஒன்றும் புதிதல்ல. கல்யாண வீடுகளில் கழுத்தில் யாஷிகாவைத் தொங்கவிட்டு, தலையைக் குனிந்து மேலிருந்து பார்த்துப் படமெடுத்தவர்களை வயதானவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். 1970-இல் வந்த யாஷிகா மேட்-124 ஜி-யை எடுத்துக்கொண்டால், படமெடுக்க ஒரே ஒரு 80 மி.மீ. லென்ஸ், கழற்ற முடியாது. இலை ஷட்டர், உச்ச வேகமான 1/500 வரை ஃப்ளாஷ் ஒத்துப்போகும். உள்ளே இன்றைய முழு ஃபிரேமைவிடப் பெரிய சதுர ஃபிலிம், ஒரு ரோலுக்கு 12 படம். ஒரு தலைமுறையின் தாலிகட்டும் படங்கள் இப்படி மாற்ற முடியாத லென்ஸ்களின் வழியாகத்தான் ஆல்பத்துக்கு வந்தன. பெரிய சென்சார் காம்பாக்ட்டை ஜப்பானின் புதுமோகம் என்று ஒதுக்குகிறவர்கள் தங்கள் வீட்டு ஆல்பத்தை ஒருமுறை புரட்டலாம்.

ஒரே லென்ஸோடு திரிந்த புகைப்படக்காரர்களில் பேர்பெற்றவர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன். 1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார். ரமணரின் கடைசி நாட்களைப் படம் பிடித்தார். லைக்காவும் 50 மி.மீ. லென்ஸும் அவருடைய வழக்கமான கருவிகள். ஆசிரமத்தில் நெருங்கி நிற்க முடிந்தது, அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

யானை அப்படி நிற்க விடாது. எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் மட்டுமே எடுத்தவர். கடையில் கிடைத்த எந்தக் கேமராவும் திருப்தி தராததால், பாடி ஓரிடம், லென்ஸ் வேறிடம் என்று துண்டுகளைச் சேர்த்துத் தானே ஒரு கேமராவைக் கட்டிக்கொண்டார். அதற்கு அவர் வைத்த பெயர் 'சூப்பர் பாண்டரோசா'. கனத்தைக் கேலி செய்யும் பெயர். அவர் இன்று இருந்தால் காம்பாக்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்திருப்பார். வேடந்தாங்கலில் நவம்பர் முதல் மார்ச் வரை கரையில் நிற்பவரும் அதைத்தான் செய்ய வேண்டும். மரத்து உச்சியில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரையையும் கரண்டிவாயனையும் எக்ஸ் 100 சிக்ஸின் லென்ஸ் முழு ஃபிரேம் கணக்கில் தரும் 35 மி.மீ. கோணத்தில் எடுத்தால் மரம் கிடைக்கும், பறவை கிடைக்காது. சோனியின் ஏ6700 போன்ற பாடியும் 70-350 மி.மீ. லென்ஸும் இங்கே சரியான ஜோடி. லென்ஸ் மட்டும் 625 கிராம். பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்யும் வசதியும் உண்டு.

அருகில் நிற்பதற்கும் ஒரு விலை உண்டு. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, மிக அருகில் நின்று படமெடுத்தவரும் குண்டுவெடிப்பில் இறந்தார். அவருடைய கேமரா சிதையாமல் கிடைத்தது. அதிலிருந்த சில படங்கள்தான் புலனாய்வுக்கு முதல் பிடி.

அதே ஊரில், அதே தெருக்களில், படம் என்பதற்கு வேறொரு முன்மாதிரியும் இருக்கிறது. ராமானுஜரின் பிறந்த ஊரான ஸ்ரீபெரும்புதூரில் உள்ள அவருடைய திருவுருவத்தைத் 'தானுகந்த திருமேனி' என்பார்கள். அவர் வாழ்ந்த காலத்திலேயே செய்யப்பட்டு, அவரே உகந்து தழுவிய உருவம் என்பது வைணவ மரபு. உருவத்துக்கு உரியவரே அதைப் பார்த்து மகிழ வேண்டும் என்ற எதிர்பார்ப்பு தெருவில் முகங்களை எடுக்கிற எவருக்கும் பொருந்தும். சின்னக் கேமராவுக்கு இங்கே ஒரு தனிச் சலுகை கிடைக்கிறது. பெரிய லென்ஸைத் தூக்கினால் "எந்த டிவி சார்?" என்று கேட்கிறவர்கள், ஜிஆர் போன்ற ஒன்றைக் கண்டால் பேச்சைத் தொடர்கிறார்கள். அந்தக் கேமராவில் 2 மீட்டருக்கு ஃபோகஸை நிலைநிறுத்தி எஃப் 8 வைத்துவிட்டால், ஏறத்தாழ ஒரு மீட்டரிலிருந்து தெருவுக்கு வேண்டிய தூரம் வரை எல்லாம் தெளிவு. ஃபோகஸுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, கண்டதும் அழுத்தலாம். தெருப் படம் எடுக்கிறவர்கள் இந்த ஒரு வசதிக்காகவே ஜிஆரை விடமாட்டார்கள்.

குறைகளைச் சொல்லாமல் விடக்கூடாது. ஜிஆர் த்ரீயில் வியூஃபைண்டர் இல்லை. நண்பகலில் திரையில் ஒன்றும் தெரியாது. பேட்டரி சுமார் 200 படத்தோடு படுத்துவிடும். எக்ஸ்-டி 5-இல் அந்த எண்ணிக்கை 600-ஐ நெருங்குகிறது. லாரிகள் புழுதி கிளப்பும் ஒரகடம் சாலையில் லென்ஸைக் கழற்றுவது ஆபத்து என்பது உண்மை. ஆனால் லென்ஸ் நீண்டு உள்வாங்கும் காம்பாக்ட்டும் தூசியை இழுக்கும். ஜிஆர் வரிசைக்கு இதில் கெட்ட பெயரே உண்டு. மிரர்லெஸ் சென்சாரில் தூசி விழுந்தால் ஊதியோ துடைத்தோ சரிசெய்யலாம். காம்பாக்ட்டில் விழுந்தால் பிரித்துத்தான் எடுக்க வேண்டும், அது சர்வீஸ் சென்டர் வேலை. எக்ஸ் 100 சிக்ஸும் மழை தாங்க, தனியாக ஒரு வளையமும் ஃபில்டரும் பூட்டியாக வேண்டும். ஐப்பசி அடைமழையில் ஏரிக்கரைக்குப் போகிறவர் இதைக் கணக்கில் வைக்கட்டும்.

கல்யாண வேலைக்கு மட்டும் இரண்டு யோசனை வேண்டாம். எக்ஸ்-டி 5-இல் இரண்டு கார்டு இடங்கள் உள்ளன, எக்ஸ் 100 சிக்ஸில் ஒன்றே ஒன்று. முகூர்த்தம் இன்னொரு முறை வராது. கூலி வாங்குகிறவர் மிரர்லெஸ்ஸைத்தான் எடுக்க வேண்டும்.

மற்றவர்கள் பணத்தை எண்ணுமுன் கைபேசியில் ஏற்கெனவே இருக்கும் படங்களைப் பாருங்கள். கைபேசியின் முதன்மைக் கேமரா 24 முதல் 26 மி.மீ. கோணம்; இரண்டு மடங்கு என்ற பொத்தான் ஏறக்குறைய 50 மி.மீ. உங்களுக்குப் பிடித்த படங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்குள் அடங்கினால், நீங்கள் அருகில் நிற்கும் ஆள்; பெரிய சென்சார் காம்பாக்ட் போதும். அதிலும் கண்ணில் வைத்துப் பார்த்துப் பழகியவருக்கு எக்ஸ் 100 சிக்ஸ், வெளியே கிளம்பும்போதெல்லாம் சட்டைப்பையில் வேண்டும் என்பவருக்கு ஜிஆர். ஐந்து மடங்கு, பத்து மடங்கு என்று இழுத்து மங்கிய படங்கள் நிறைய இருந்தால் மிரர்லெஸ் வாங்குங்கள். அப்போதும் பாடியில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, அந்தப் பணத்தை லென்ஸில் போடுங்கள்.