‘கடல்’: கோயில் வழியே வந்த ப்ளூஸ்

ஏ.ஆர். ரகுமானின் இசையில் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பாட்டு மரபுகள் புதியவை அல்ல. 1994இல் ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’, தாளக்கட்டுக்குள் பேச்சை அடுக்கிச் சொல்லும் ராப் முறையைச் சென்னைப் பேச்சில் ஏற்றியது. 1997இல் ‘இருவர்’ ஜாஸை ஒரு பழைய காலத்தின் ஒப்பனையாகக் கொண்டுவந்தது. அவ்விரண்டும் கதை கேட்ட வேடங்கள். இந்த இசைகளின் தாய்வீடுகளுள் ஒன்றான தேவாலயப் பாட்டு தமிழ்த் திரையில் தனக்குரிய மண்ணைக் கண்டது, மணிரத்னத்தின் ‘கடல்’ படத்துக்காக 2012 இறுதியில் வெளியான பாடல் தொகுப்பில்தான்.

காரணம் கதைக்களத்திலேயே இருக்கிறது. பாதிரியாரும் மீனவரும் வாழும் கிறித்தவக் கடற்கரை ஊர் அது. திருவள்ளூர் மாவட்டக் கரையில் உள்ள பழவேற்காட்டின் மாதா கோயிலையும் மீன்பிடிப் படகுகளையும் பார்த்தவர்களுக்கு அந்த அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. ஒருவர் உருகிப் பாட, பாடகர் குழு எதிர்க்குரல் கொடுக்கும் ‘காஸ்பெல்’ எனும் வழிபாட்டு இசைக்கு இத்தகைய ஊரில் தனியாக நியாயம் கற்பிக்க வேண்டியதில்லை.

மதன் கார்க்கி எழுதி சித் ஸ்ரீராம் பாடிய ‘அடியே’ இந்த நியாயத்தின் உச்சம். ஒவ்வோர் அடியும் மும்மூன்றாகப் பிரியும் திஸ்ர நடையில் பாட்டு அசைந்து செல்ல, ஆண்டவனை நோக்கி எழ வேண்டிய குழுக்குரல்கள் ஒரு பெண்ணை அழைக்கும் குரலைப் பின்னின்று தாங்குகின்றன. காதலைத் தொழுகையின் இடத்தில் வைக்கும் துணிச்சலைச் சொற்களைவிட இந்த அமைப்பே வெளிப்படையாகக் காட்டுகிறது. பாட்டின் மெட்டில் கலந்திருப்பது கறுப்பினத்தவரின் மற்றொரு மரபான ப்ளூஸ். அந்த இசையில் காந்தாரமும் (க) நிஷாதமும் (நி) தம் இடத்திலிருந்து சற்றே இறங்கி, இரண்டு சுரங்களுக்கு நடுவே தயங்கி நிற்கும். தாயிடம் கர்நாடக இசையையும் பின்னர் பாஸ்டனின் பெர்க்லி கல்லூரியில் மேற்கத்திய முறையையும் கற்ற சித் ஸ்ரீராம், அந்தத் தயக்கத்தைக் சுரங்களை அசைத்து இழைக்கும் கமகம் பழகிய தொண்டையால் அணுகுவதால், ஒரே இழுப்பில் இரண்டு மரபுகளும் தையல் தெரியாமல் ஒன்றுகின்றன. சொல் தெளிவு ஆங்காங்கே கரைந்துபோவது உண்மைதான். உணர்ச்சியின் பொருட்டு அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

வைரமுத்து எழுத, சக்திஸ்ரீ கோபாலன் பாடிய ‘நெஞ்சுக்குள்ளே’ இதற்கு நேர்மாறானது. குரலை எங்கும் உயர்த்தாமல், மூச்சையும் ஓசையின் பகுதியாக்கி, அடக்கத்தாலேயே கேட்பவரைக் கட்டுகிறது. மின்னணு ஒலிகளின் மீது இலங்கைத் தமிழரான ஆர்யன் தினேஷ் கனகரத்தினம் ராப் சொல்லும் ‘மகுடி’, தனியே கேட்டால் விறுவிறுப்பானது. ஆனால் தொகுப்பின் உப்புக்காற்று அதன்மேல் படவில்லை. நகரத்து விருந்தாளி ஒருவர் கரையில் காலணி கழற்றாமல் நிற்பதுபோல அது தனித்தே நிற்கிறது.

2013 பிப்ரவரி 1 அன்று திரைக்கு வந்த படம் வணிகத்தில் தோற்றது. பாடல்கள் அந்தத் தோல்வியோடு மூழ்கவில்லை. இத்தொகுப்பைப் புதிதாகக் கேட்போர், ஹரிசரண் பாடிய ‘அன்பின் வாசலே’ என்னும் துதிப்பாட்டை முதலில் கேட்டு, அது முடிந்த கையோடு ‘அடியே’வைக் கேட்பது நல்லது.