சட்ட நுழைவுத் தேர்வும் ஆளோலை வழக்கும்

தேர்வு நெருங்குந்தோறும் மாணவர் நாவில் ஒரே வினா மிகுதியாகப் பிறக்கிறது. "ஐயா, இம்முறை எந்தத் தலைப்பு வரும்?" என்பதே அது. ஆசிரியரும் மனமிரங்கிப் பழைய வினாத்தாள்களைப் புரட்டிப் பத்துத் தலைப்புகளைக் குறித்துக் கொடுக்கிறார். பத்தில் ஐந்தை மாணவர் படிக்கின்றனர்; ஐந்தில் மூன்றை மனனம் செய்கின்றனர். கடைசி இரவில் அம்மூன்றும் மீண்டும் ஒப்பிக்கப்படுகின்றன. தமிழ்க் கட்டுரைத் தாளில் தொடங்கும் இப்பழக்கம், அம்மாணவர் பின்னாளில் சட்டக் கல்விக்கான நுழைவுத் தேர்வை எழுதும்போதும் அவரை விட்டு நீங்குவதில்லை. இது அத்தகைய தேர்வுக்குப் பொருந்துமா, பொருந்தாதெனில் அதன் இடத்தில் தமிழ் இலக்கிய வகுப்பு எதனைத் தரக்கூடும் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சான்றாகப் பெரியபுராணத்தில் வரும் ஒரு வழக்கினை எடுத்துக்கொள்வோம்.

மலாக்காவும் சட்டமும்

மலாக்கா மாநிலத்துத் தமிழ் மாணவர்க்குச் சட்டம் புறம்பான பொருளன்று. பதினைந்தாம் நூற்றாண்டில் மலாக்கா சுல்தான்களின் ஆட்சியில் உருப்பெற்ற சட்டத் தொகுப்பு மலாய் உலகின் பழஞ்சட்ட நூல்களுள் தலையாயது. அடிமைகளைப் பற்றிய விதிகளும் அதில் உண்டு. 1826ஆம் ஆண்டின் அரச நீதிப் பட்டயத்தால் ஆங்கிலேயச் சட்டம் இம்மண்ணில் நிலைபெற்றது. 1896இல் டான் சாய் யான் என்பார் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். அதனைத் தொடர்ந்து பெருகிய தோட்டங்களில் பால்மரம் சீவ வந்த நம் முன்னோரின் வாழ்வு முழுவதும் காகிதங்களாலேயே ஆளப்பட்டது.

ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்படும்வரை கைநாட்டு வைத்த ஒரு தாள், ஓர் ஆளின் சில ஆண்டு வாழ்வைக் கட்டிப்போட வல்லதாயிருந்தது. விடுதலைக்குப் பின்னர் அடையாள அட்டையின் நிறம் குடியுரிமையைக் காட்டிற்று. 1969இல் குடியுரிமை இல்லாதார்க்கு வேலை உரிமச்சீட்டு வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தபோது, அச்சீட்டு இன்மையால் கடலைக் கடந்து திரும்பியோர் பலர். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது லயத்தைக் காலி செய்யும்படி வந்ததும் ஒரு காகிதமே. அக்காகிதங்களைக் கிராணியார் படித்துச் சொல்ல, மற்றவர் கேட்டுத் தலையசைத்தனர். எழுதியிருந்தது வேறு, சொல்லப்பட்டது வேறு என்று அறிந்துகொள்ள அவர்களுக்கு வழியிருக்கவில்லை.

எனவே ஜாசினிலோ அலோர் காஜாவிலோ ஒரு தொழிலாளியின் பேரன் பேர்த்தி வழக்கறிஞராக விரும்பினால், அவ்விருப்பத்தைப் பொருளாசை என்றோ பெருமையாசை என்றோ ஒதுக்கிவிடலாகாது. தமக்கு எதிராக எழுதப்பட்டதைத் தாமே வாசித்தறிய வேண்டும் என்னும் மூன்று தலைமுறை வேட்கை அதனுள் இருக்கிறது. அவ்வேட்கையை மூன்று மனனக் கட்டுரைகளில் அடக்கிவிடுவது முறையாகுமா?

தேர்வுகள் கேட்பது யாது?

இங்கிலாந்தின் சட்டத்துறைகள் சில 2004ஆம் ஆண்டு முதல் 'எல்நாட்' என்னும் தேர்வை நடத்தி வருகின்றன. ஆக்ஸ்போர்டு முதலிய பல்கலைக்கழகங்களில் சட்டம் பயில விரும்பும் நம் நாட்டு மாணவரும் இதனை எழுதுகின்றனர். இதன் முதற்பகுதியில் 12 உரைப்பகுதிகளும் அவற்றை ஒட்டி 42 வினாக்களும் உள்ளன. காலம் 95 மணித்துளிகள். இரண்டாம் பகுதியில் மூன்று தலைப்புகள் தரப்படும்; ஒன்றைத் தேர்ந்து 40 மணித்துளிகளில் கட்டுரை வரைதல் வேண்டும். சட்ட அறிவு எதனையும் இத்தேர்வு எதிர்பார்ப்பதில்லை.

இந்தியாவின் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான 'கிளாட்' தேர்வும் இத்திசையிலேயே திரும்பியுள்ளது. திருச்சிராப்பள்ளியிலுள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் அதன்வழியே மாணவரைச் சேர்க்கிறது. பொது அறிவுத் துணுக்குகளையும் சட்டத் துணுக்குகளையும் மனனம் செய்தோர் ஒரு காலத்தில் அதில் எளிதில் மதிப்பெண் பெற்றனர். 2020 முதல் அந்நிலை மாறிற்று. இப்பொழுது உரைப்பகுதியைத் தந்து, அதனுள் கூறப்பட்ட நெறியைப் புதியதொரு நிகழ்ச்சியில் பொருத்திக் காட்டுமாறு கேட்கின்றனர்.

வெளிநாட்டுச் சட்டப் பட்டம் பெற்ற நம்மவர் வழக்கறிஞராகும் முன் எழுதும் 'சி.எல்.பி.' தேர்வு வேறு வகையினது. உரிமையியல் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சாட்சியம், தொழில் நெறி, பொதுத்தாள் என ஐந்து தாள்களைக் கொண்டது. அங்கே நினைவாற்றல் இன்றியமையாதது என்பதை மறுக்கவியலாது. ஆனால் அங்கும் வினா ஒரு நிகழ்ச்சியாகவே வருகிறது. நிகழ்ச்சியைப் படித்து, எந்தச் சிக்கல் அதனுள் மறைந்துள்ளது எனக் காணாதவர்க்கு மனனம் செய்த விதி உதவுவதில்லை. மேலும், ஊகித்த இயல்களை மட்டும் படித்துத் தேறியவரிடம் நாளை வரும் கட்சிக்காரர், அவர் படித்த இயலுக்குரிய வழக்கோடுதான் வருவார் என்பதற்கு உறுதி ஏது?

ஆக, இத்தேர்வுகள் யாவும் கேட்பது ஒன்றே: எழுத்தைக் கூர்ந்து வாசிக்கும் ஆற்றல். அவ்வாற்றலைப் பயிற்றுதற்குரிய பனுவல்கள் நம் இலக்கிய வகுப்பிலேயே உள்ளன.

வெண்ணெய்நல்லூர் அவையில்

சுந்தரரின் திருமணத்தைத் தடுக்க வந்த முதியவர், 'இவன் எனக்கு அடிமை' என்று வழக்குரைத்த வரலாற்றை நாம் அனைவரும் கற்பித்துள்ளோம். இறைவன் அடியவரைத் தடுத்தாட்கொண்ட அருட்செயல் என்று கருப்பொருளைக் கூறி, நான்கு குறிப்புகளை எழுதச் செய்து முடித்துவிடுகிறோம். ஆனால் சேக்கிழார் சோழப் பேரரசில் அமைச்சுப் பொறுப்பில் இருந்தவராகப் போற்றப்படுபவர். அவை நடக்கும் முறையை நன்கறிந்தவர் என்பதற்கு இப்பகுதியே சான்று. இதனை வழக்காகவே வாசித்துப் பார்ப்போம்.

முதியவர் ஓலையைக் காட்டுகிறார். சுந்தரர் அதனைப் பறித்துக் கிழித்தெறிகிறார். வழக்கு வெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. அந்தணர் அடிமையாதல் வழக்கத்தில் இல்லையே என்று அவையோர் முதலில் ஐயுறுகின்றனர். எனினும் அக்காரணத்தால் வழக்கைத் தள்ளிவிடவில்லை. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி ஆகிய மூன்றனுள் ஒன்றைக் காட்டி மெய்ப்பிக்குமாறு முதியவரையே பணிக்கின்றனர். உரிமை கோருபவரே அதனை மெய்ப்பிக்க வேண்டும் என்பது இங்கே வெளிப்படை. 'முன்பு கிழிக்கப்பட்டது படியோலை. மூல ஓலை என்னிடம் உண்டு' என்கிறார் முதியவர். ஓலை அவையில் படிக்கப்படுகிறது. சாட்சிக் கையெழுத்துகள் சரிபார்க்கப்படுகின்றன. இது உன் பாட்டனார் எழுத்தா என்று சுந்தரரைக் கேட்கின்றனர். அப்போது முதியவர் குறுக்கிட்டு, பேரன் பாட்டனின் எழுத்தை எங்ஙனம் அறிவான், பாட்டன் எழுதிய பிறிதோர் எழுத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்கிறார். அவையோர் அத்தடையை ஏற்றுக் காப்பிலிருந்த பழைய ஓலையை வருவித்து ஒப்புநோக்குகின்றனர். இரண்டும் ஒத்திருக்கவே தீர்ப்பு சுந்தரருக்கு எதிராக அமைகிறது.

மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தைப் பயிலும் மாணவர் இதே படிகளை அங்கே காண்பர். மெய்ப்பிக்கும் சுமையை 101ஆம் பிரிவும், மூல ஆவணத்தால் மெய்ப்பித்தலை 64ஆம் பிரிவும், கையெழுத்தை ஒப்பிடுதலை 73ஆம் பிரிவும் பேசுகின்றன. இச்சட்டம் 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தை ஒட்டி அமைந்தது. இந்தியாவில் அப்பழைய சட்டத்தின் இடத்தை 2024 ஜூலை முதல் புதிய சட்டம் பெற்றுவிட்டது. இங்கே 1950ஆம் ஆண்டுச் சட்டம் தொடர்கிறது. இக்கால விதிகள் எல்லாம் சேக்கிழாரிடம் முன்பே இருந்தன என்று வீண்பெருமை பேசுதல் நம் கருத்தன்று. வாசிப்பின் படிகளே நமக்கு வேண்டுவன. யார் கோருகிறார், எதனைக் காட்டுகிறார், அதனை மற்றவர் எவ்வாறு மறுக்கிறார், அவை எதனை ஏற்றது என்று நான்கு வினாக்களை எழுப்பி இப்பகுதியைப் படித்த மாணவர், எல்நாட் தாளின் உரைப்பகுதியைக் கண்டு மருளமாட்டார்.

அவை கேளாத வினா

திறனாய்வு இத்துடன் நின்றுவிடலாகாது. வெண்ணெய்நல்லூர் அவை, ஓலை மெய்யானதா என்பதை ஆராய்ந்தது. அந்த ஓலை நேர்மையானதா என்பதை ஆராயவில்லை. பாட்டன் தன்னையும் தன் வழிவந்தாரையும் அடிமையாக எழுதிக் கொடுத்தால், பிறவாத பேரனை அவ்வெழுத்து கட்டுப்படுத்துமா? சேக்கிழாருக்கு அவ்வினா எழவேண்டியதில்லை. அங்கே ஆண்டவன் இறைவன், அடிமைத்தனம் பேறு. பக்தி நெறியில் அத்தீர்ப்பு முற்றும் பொருந்தும்.

ஆனால் தோட்டத்துப் பேரன் அப்பகுதியைப் படிக்கும்போது அவ்வினா எழாமல் இராது. அவனுடைய பாட்டனும் ஓர் ஓலையில் கைநாட்டு வைத்தவரே. அக்கைநாட்டு மெய்யானது, எந்த எழுத்தோடு ஒப்பிட்டாலும் ஒத்திருக்கும். ஆயினும் அவ்வொப்பந்தம் நேர்மையானதென்று யார் சொல்வார்? மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் ஆறாம் விதி எவரையும் அடிமையாக வைத்திருத்தலாகாது என்கிறது. ஆதலின் இன்றைய அவையில் அத்தகைய மூல ஓலை எவ்வளவு மெய்யாயினும் செல்லாது. மெய்யான ஆவணம், நேர்மையான ஆவணம் என்னும் இரண்டையும் பிரித்துக் காணும் மாணவரே சட்டம் பயிலத் தகுதியுடையவர். நான்கு குறிப்புகளில் அடங்கும் பாடத்தில் இப்பிரிப்பு தோன்றுவதற்கு இடமேயில்லை.

தலைப்பைத் தேர்தல்

மூன்று தலைப்புகளுள் எதனைத் தேர்வது என்னும் வினாவிற்கும் இங்கே விடையுண்டு. எதைப்பற்றி மிகுதியாகத் தெரியுமோ அதனையே மாணவர் தேர்கின்றனர். தெரிந்தவற்றை எல்லாம் கொட்டுகின்றனர். வாதம் மறைந்து செய்தி மட்டும் எஞ்சுகிறது. நன்னூலார் எழுவகை மதங்களைக் கூறுகிறார். பிறர் கருத்தை உடன்படுதல், மறுத்தல், முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைதல், தானே ஒன்றை நிறுவி அதனை நிலைநாட்டுதல், இருவர் மாறுபட்டுக் கூறுவனவற்றுள் ஒன்றனைத் துணிதல் முதலியன அவை. இவற்றைத் தேர்வுக்காக மனனம் செய்விக்கிறோமேயன்றி, கட்டுரை எழுதக் கையாளச் செய்வதில்லை. எத்தலைப்பில் எதிர்வாதியின் மிகச்சிறந்த வாதத்தை நம்மால் எடுத்துரைத்து, அதன்பின் அதனைக் களைய இயலுமோ அத்தலைப்பே நாம் தேர்தற்குரியது. தேர்வு மண்டபத்தில் முதல் மூன்று மணித்துளிகளை இந்த ஆராய்ச்சிக்குச் செலவிடுதல் வீணாகாது.

கடைசி இரவு

கடைசி நேர மீள்பார்வையே வேண்டா என்று கூறுதல் நேர்மையாகாது. நூலகமும் தனியறையும் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் காலம் சுருங்கியது. எதனையேனும் தேர்ந்துதான் படிக்க வேண்டும். எனினும் எதனைத் தேர்வது என்பதில் தெளிவு வேண்டும். புதிய தலைப்பைத் தொடுவதினும், ஆசிரியர் திருத்திக் கொடுத்த தம் பழைய கட்டுரைகள் மூன்றை எடுத்துச் சிவப்பு மையிட்ட இடங்களைப் படிப்பது பயனுடையது. தாம் வழக்கமாகச் செய்யும் பிழை எது என்பதை அவை காட்டிவிடும்.

தேர்வின் விதிகளையும் அன்றே ஒருமுறை நோக்குதல் நன்று. எல்நாட் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஆதலின் எவ்வினாவையும் விடாது எழுதலாம். கிளாட் தேர்விலோ ஒவ்வொரு தவறான விடைக்கும் கால் மதிப்பெண் கழியும். அங்கே துணிந்து ஊகித்தல் கேடு தரும். முன்னதில் ஓர் உரைப்பகுதிக்குச் சராசரியாக எட்டு மணித்துளிகளே கிடைக்கும். பின்னதில் 120 வினாக்களுக்கு 120 மணித்துளிகள். ஒரு தேர்வுக்குச் சொன்ன அறிவுரையை மற்றொன்றுக்கு அப்படியே கொள்ளலாகாது. இவற்றைக் குறித்துக்கொண்டு, காலத்தே உறங்கச் செல்வது அறிவுடைமை.

ஒரு தடையும் விடையும்

இத்தேர்வுகள் ஆங்கிலத்தில் அல்லவா நடைபெறுகின்றன, தமிழ் இலக்கியம் அங்கே எவ்வாறு உதவும் என்று வினவுவோர் உளர். அவ்வினா நியாயமானதே. ஆங்கிலச் சொல்வளத்தைத் தமிழ் வகுப்பு தந்துவிடாது. அதற்குத் தனி உழைப்பு வேண்டும். ஆனால் வாதத்தின் எலும்பைக் காணும் கண் மொழிதோறும் வேறுபடுவதன்று. தாய்மொழியில் அக்கண் திறப்பது எளிது.

எஸ்.பி.எம். தேர்வில் பாடங்களின் எண்ணிக்கை 2010 முதல் வரையறுக்கப்படவிருந்தபோது நம் சமுதாயம் போராடிற்று. அதன் பயனாகவே பத்துப் பாடங்களுக்கு மேல் தமிழ் மொழியையும் தமிழ் இலக்கியத்தையும் எடுக்க வழி பிறந்தது. போராடிப் பெற்ற அப்பாடத்தை, எந்தத் தலைப்பு வரும் என்னும் ஊகத்திற்கு இரையாக்குவோமாயின், சட்டம் பயில விரும்பும் மாணவர் அதனைச் சுமையென்று கருதி விலகிச் செல்வர். அவரைக் குறைகூற நமக்கு உரிமை இராது.

ஆசிரியப் பெருமக்கள் அடுத்த முறை ஆளோலைப் பகுதியைக் கற்பிக்கும்போது வகுப்பை இரு கூறாக்கி, ஒரு கூற்றை முதியவர் பக்கமும் மற்றொன்றைச் சுந்தரர் பக்கமும் நிறுத்தி வாதிடச் செய்க. பாதி நேரத்தில் பக்கங்களை மாற்றுக. தோட்டத்திலிருந்து வரும் மாணவருள் ஒருவரேனும் எழுந்து, "ஐயா, ஓலை உண்மைதான், ஆனால் அது சரியா?" என்று கேட்பாராயின், அன்று அவ்வகுப்பில் சட்டக் கல்வி தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.