தீர்ப்பு உண்டு, கிருபை இல்லை
(மாந்திரீகத் திகில் சித்திரக்கதைகள்: ஓர் இறையியல் திறனாய்வு)

அமெரிக்க நாட்டில் மேக்ஸ் கெய்ன்ஸ் என்னும் பதிப்பாளர் 1942-ஆம் ஆண்டில் திருமறை நிகழ்ச்சிகளைச் சித்திரக்கதைகளாக வெளியிடத் தொடங்கினார். பின்னர் 1944-இல் அவர் நிறுவிய ஈ.சி. நிறுவனத்தின் பெயருக்குக் 'கல்விச் சித்திரக்கதைகள்' என்பதே பொருள். 1947-இல் அவர் படகு விபத்தில் இறந்தபின் நிறுவனம் மகன் வில்லியம் கெய்ன்ஸின் கைக்கு வந்தது. முதலெழுத்துகள் மாறவில்லை; 'கல்வி' என்பது மட்டும் 'பொழுதுபோக்கு' என்றாயிற்று. 1950-இல் அதே நிறுவனத்தினின்று 'டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட்', 'த வால்ட் ஆஃப் ஹாரர்', 'த ஹாண்ட் ஆஃப் ஃபியர்' என்னும் மூன்று திகில் இதழ்கள் வெளிவந்தன. திருமறை மாந்தரைச் சிறுவர்க்குக் காட்டிய நிறுவனம், கல்லறையினின்று எழும் பிணங்களையும், சூனியம் செய்து தாமே அழியும் மாந்தரையும் காட்டலாயிற்று.

இதனை வீழ்ச்சி என்று ஒரே சொல்லில் கூறி முடித்துவிடலாம். முன்பு நானும் அவ்வாறே செய்தேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சபையைச் சேர்ந்த கல்லூரி மாணவன் ஒருவன், இவ்விதழ்களின் மறுபதிப்புத் தொகுதியொன்றை என்னிடம் கொண்டுவந்தான். விடுதியில் நண்பரோடு நாணயத்தை வைத்து ஆவியை அழைக்கும் விளையாட்டில் ஈடுபட்டிருந்தான். அது முதல் உறக்கமில்லை. "ஐயா, இந்தக் கதைகளில் ஒருவனுக்கும் திரும்பிவர வழியில்லையே, எனக்கு உண்டா?" என்று கேட்டான். நானோ அவன் கேள்வியை விட்டுவிட்டு, அவன் கையிலிருந்த புத்தகத்தையே பார்த்து, "முதலில் அதைக் கொளுத்து" என்றேன். அவன் பல மாதங்கள் ஆலயத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகே அப்புத்தகத்தை வாசித்தேன்.

வாசித்தபோது வியப்பே மிஞ்சியது. இக்கதைகள் மாந்திரீகத்துக்கு அழைப்பு விடுப்பவை அல்ல; கடுமையான எச்சரிக்கைகளே. 1953-இல் 'ஹாண்ட் ஆஃப் ஃபியர்' 22-ஆம் இதழில் கிரஹாம் இங்கல்ஸ் வரைந்த 'விஷ் யூ வேர் ஹியர்' என்னும் கதையை எடுத்துக்கொள்வோம். டபிள்யூ. டபிள்யூ. ஜேகப்ஸ் 1902-இல் எழுதிய குரங்குப் பாதக் கதையே இதற்கு மூலம். கணவன் தொழிலில் நொடித்துப்போகும் நிலையில், மூன்று வரம் தரும் சிலையொன்றிடம் மனைவி பணம் கேட்கிறாள். பணம் வருகிறது, ஆனால் கணவனின் சாவுக்குரிய காப்பீட்டுத் தொகையாக வருகிறது. இரண்டாம் வரத்தால் உடல்மட்டும் திரும்புகிறது, உயிர் திரும்பவில்லை. மூன்றாவதாக, அவன் என்றென்றும் உயிரோடிருக்கவேண்டும் என்று கேட்கிறாள். பிணம் கெடாதிருக்க ஏற்றிய திரவம் நரம்பெல்லாம் எரிக்க, சாகவும் இயலாமல் அவன் கதறுகிறான். சாவைத் தேடியும் காணாத மாந்தரை வெளிப்படுத்தின விசேஷம் ஒன்பதாம் அதிகாரத்தில் நாம் வாசிக்கிறோம். ஏறத்தாழ அக்காட்சியே இது.

இங்கே அப்பெண் செய்த பாவம் எது? அவள் தேவனை விட்டு வேறொரு வல்லமையை நாடினாள் என்று கதை கூறவில்லை. சொற்களைச் சரியாக அமைத்துக் கேட்கவில்லை என்பதே அவள் குற்றம். கடன் கொடுத்தவன் பத்திரத்தின் எழுத்தைப் பிடித்துக்கொண்டு ஏழையின் வீட்டைப் பறிப்பதுபோல, அச்சிலை அவள் வாய்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு அவளை அழிக்கிறது. கணவனின் துன்பம் பொறாமல் கேட்டவளுக்கும், பேராசையால் கொலை செய்தவனுக்கும் இவ்விதழ்களில் ஒரே தண்டனைதான். தீர்ப்பு உண்டு, தீர்ப்பளிப்பவர் இல்லை. நியாயப்பிரமாணம் உண்டு, அதைத் தந்தவர் இல்லை. இறுதியில் கதை சொல்லும் கிழட்டுச் சூனியக்காரி வாசகரைப் பார்த்துச் சிலேடை பேசிச் சிரிக்கிறாள். அழிந்தவருக்காக அழுவார் ஒருவருமில்லை.

இதனோடு 1 சாமுவேல் 28-ஆம் அதிகாரத்தை ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். அஞ்சனம் பார்ப்போரை நாட்டினின்று நீக்கிய சவுலே மாறுவேடமிட்டு எந்தோருக்குப் போகிறான். திருமறை அவன் செயலை நியாயப்படுத்தவில்லை. மறுநாள் சாவு என்னும் தீர்ப்பும் மாறவில்லை. ஆயினும் அவ்வதிகாரம் பேயுருவோடும் சிரிப்போடும் முடியவில்லை. நெடுஞ்சாண்கிடையாக விழுந்துகிடந்த அரசனுக்கு அப்பெண் தன் கொழுத்த கன்றை அடித்து, அப்பம் சுட்டு, உண்ணக் கொடுக்கிறாள். தீர்ப்பின் இரவிலும் மனித இரக்கத்துக்கு அங்கே ஓர் இடம் உண்டு. அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்தில், ஆவியின் வரத்தைப் பணத்துக்கு வாங்க முயன்ற மாயவித்தைக்காரனாகிய சீமோனைப் பேதுரு கடிந்துகொள்ளும் சொற்கள் எந்தத் திகில் கதைக்கும் குறைந்தவை அல்ல. ஆனால் மனந்திரும்பி வேண்டிக்கொள்ளும்படி அவனுக்கும் கூறப்படுகிறது. கதவு மூடப்படவில்லை. திகில் சித்திரக்கதையின் மெய்யான குறை இதுவே: அதில் பேய்கள் இருப்பதன்று, மனந்திரும்புதலுக்கு இடமில்லாதிருப்பது.

அக்காலத்துத் திறனாய்வாளரும் அதிகாரிகளும் இக்குறையைக் காணவில்லை. 1948-இல் மேற்கு வர்ஜீனியாவின் ஸ்பென்சரிலும் நியூயார்க் மாநிலத்தின் பிங்கம்டனிலும் பள்ளிச் சிறுவரைக்கொண்டு சித்திரக்கதை இதழ்களைக் குவித்துக் கொளுத்தினர். 1954-இல் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தம், இளையோர் குற்றங்களுக்கு இவ்விதழ்களே காரணம் என்று நூல் எழுதினார். ஹார்லெமில் ஏழைக் கறுப்பினத்தவருக்கு மருத்துவமனை நடத்திய நல்லார் அவர். எனினும், அந்நூலில் அவர் சான்றுகளைத் திரித்திருந்தார் என்பதைக் கேரல் டில்லி என்னும் ஆய்வாளர் 2012-இல் அவருடைய சொந்தக் குறிப்புகளைக் கொண்டே காட்டினார். அதே 1954 ஏப்ரலில் வில்லியம் கெய்ன்ஸ் அமெரிக்க மேலவையின் துணைக்குழு முன் சாட்சி கூறினார். வெட்டுண்ட பெண் தலையைக் காட்டும் அட்டைப்படத்தை நீட்டி, இது நல்ல ரசனையா என்று கெஃபாவர் கேட்டபோது, திகில் இதழுக்கு ஏற்ற ரசனையே என்றார். அம்மறுமொழியை நாம் ஏற்க முடியாது. பெண்ணுடலின் சிதைவை விற்பனைப் பொருளாக்கியது அவ்விதழ்களின் மறுக்க முடியாத குற்றம்.

அவ்வாண்டிலேயே பதிப்பாளர் சங்கம் ஒழுங்குநெறி ஒன்றை வகுத்தது. நடமாடும் பிணம், இரத்தக்காட்டேரி, ஓநாய்மனிதன் அனைத்தும் விலக்கப்பட்டன. விளைவு என்ன? ஈ.சி. நிறுவனம் 1953-இல் வெளியிட்ட 'ஜட்ஜ்மெண்ட் டே', அதாவது 'நியாயத்தீர்ப்பு நாள்', என்னும் கதையை 1956-இல் மறுபடி அச்சிட முனைந்தது. நிறத்தால் பிரிந்து வாழும் இயந்திர மனிதரின் உலகத்தை ஆராய்ந்து, அது இன்னும் தகுதி பெறவில்லை என்று தீர்ப்பளிக்கும் விண்வெளிவீரன், கடைசிப் படத்தில் தலைக்கவசத்தை நீக்குகிறான்; அவன் கறுப்பினத்தவன். அம்முகத்தை அனுமதிக்க ஒழுங்குநெறி அலுவலகம் மறுத்தது. பதிப்பாளர் பணியாது அச்சிட்டனர். பேயை விலக்க எழுந்த சட்டம் தேவசாயலைத் தாங்கிய ஒரு மனிதமுகத்தை விலக்க முயன்றது. அந்நெறி 1971-இல் தளர்ந்து, 2011-இல் வழக்கொழிந்தது. அச்சத்தால் இயற்றப்படும் ஒழுக்கச்சட்டம் எங்கே போய் முடியும் என்பதற்கு இஃதொரு பாடம்.

எபேசுவில் புத்தகங்கள் எரிக்கப்பட்டன அல்லவா என்று கேட்கலாம். ஆம், ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு மதிப்புள்ளவை. ஆனால் அப்போஸ்தலர் 19 காட்டும் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் விசுவாசித்தனர், பின் தங்கள் செய்கைகளை அறிக்கையிட்டனர், அதன்பின் தங்கள் சொந்தப் புத்தகங்களைத் தாங்களே எரித்தனர். பவுல் ஒருவருடைய புத்தகத்தையும் பிடுங்கவில்லை. நானோ அவ்வரிசையைத் தலைகீழாக்கினேன். அறிக்கையிட வந்தவனிடம் நெருப்பை முதலில் கேட்டேன்.

நம் பிரசங்கங்களையும் இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்த்தல் நலம். மாந்திரீகத்தை எதிர்த்துப் பேசும் நம் இளைஞர் கூட்டங்களில், கைவைத்தவன் கெட்டான் என்னும் கதைகளை அடுக்கி, கதவைச் சாத்திவிட்டு இறங்குகிறோம். அப்பொழுது நாம் செய்வது நற்செய்திப் பணியன்று; படமில்லாத திகில் இதழ் ஒன்றை வாசித்துக் காட்டுகிறோம்.

அம்மாணவன் பின்னொரு நாள் திரும்பி வந்தான். புத்தகத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அவன் முன்பு கேட்ட கேள்விக்கு, "உண்டு" என்றேன். அன்றிரவு அவன் எங்கள் வீட்டில் உணவருந்தினான்.