முதுகலைத் தமிழும் சீயமங்கலத்துத் தூணும்

"தமிழில் எம்.ஏ. பயில்கிறேன்" என்று ஓர் இளைஞன் கூறும்போது கேட்போர் முகத்தில் முதலில் தோன்றுவது மகிழ்ச்சியன்று; இரக்கம். அதனையடுத்து ஒரு கேள்வி வரும்: "ஏன், வேறெதிலும் இடம் கிடைக்கவில்லையா?" கேட்பவர் தமிழ்ப் பகைவரல்லர். மேடையிலே "தமிழ் வாழ்க" என்றால் முதலில் கை தட்டுகிறவர் அவர். மகளுக்குத் தூய தமிழ்ப் பெயர் சூட்டியவர். ஆயினும் அவர் மகன் கல்லூரியில் தமிழை எடுக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டால், அன்றிரவு அந்த வீட்டில் உறக்கமிராது.

இந்த இரக்கம் எங்கிருந்து வந்தது? நாட்டாரின் அறியாமையிலிருந்து என்று சொல்லிவிடுவது எளிது. நானும் நெடுநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சீயமங்கலத்தில் கழித்த ஒரு பிற்பகல் அந்த விடையைப் போதாததாக்கிவிட்டது.

செஞ்சிக்கு வடக்கே, தேசூரையடுத்து உள்ள சிற்றூர் சீயமங்கலம். அங்கே பாறையைக் குடைந்து எடுத்த பல்லவர் கோயிலொன்று உண்டு. ஊரார் தூணாண்டார் கோயில் என்பர். தோழர் ஒருவரின் மகன் தமிழ் முதுகலை இரண்டாமாண்டு பயில்பவன். அவனை உடனழைத்துச் சென்றிருந்தேன்.

"தம்பி, இஃது யார் காலத்துப் பணி?"

"முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது ஐயா. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். அவனிபாஜன பல்லவேசுவரம் என்பது பெயர். லளிதாங்குரன் என்பது அம்மன்னனின் விருதுப் பெயர்களுள் ஒன்று."

மூச்சு விடாமல் சொன்னான். ஒரு சொல்லும் பிழையில்லை. ஐந்து மதிப்பெண்ணுக்கு உரிய விடை, அளவெடுத்து வெட்டியதுபோல் இருந்தது. தூணைக் காட்டி, "அந்தப் பெயர் இங்கேதான் இருக்கிறது, படி" என்றேன். படிக்க இயலவில்லை. அது கிரந்த எழுத்து, வடமொழி, போகட்டும். பிற்காலப் பல்லவர் நாளில் முகமண்டபம் எழுப்பப்பட்ட செய்தியைச் சொல்லும் கல்வெட்டு அங்கேயே இருக்கிறது. "இது தமிழ்தானே, இதைப் படி" என்றேன். பகரமும் டகரமுமாக நாலைந்து எழுத்தைக் கண்டுபிடித்தான். பின் தலை குனிந்துகொண்டான்.

அவன்மேல் குற்றமில்லை. ஐந்தாண்டுக் காலம் தமிழையே பாடமாகக் கொண்ட ஒருவனைத் தன் ஊரருகே உள்ள தமிழ்க் கல்லின் முன் ஊமையாக நிறுத்திய கல்வி முறையின்மேல் உள்ள குற்றம் அது. அந்தக் கல்வி முறையோ எவரும் வானிலிருந்து இறக்கியதன்று. நம்முடைய முன்னோர் போராடிப் பெற்றது. ஆதலால்தான் அதனைப் பற்றிப் பேச நமக்கு உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.

சென்னைப் பல்கலைக் கழகம் தோன்றியது 1857இல். அடுத்த நூற்றாண்டின் வாயிலில், 1902இல், தமிழைப் பாடத்திட்டத்திலிருந்தே விலக்கிவிட முயற்சி நடந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த பரிதிமாற் கலைஞரும் மு. சி. பூரணலிங்கனாரும் எதிர்த்து எழுந்தனர். பரிதிமாற் கலைஞர் பிறப்பால் பார்ப்பனர். சூரியநாராயண சாஸ்திரி என்ற பெயரையே தமிழாக்கிக்கொண்டவர். குலத்தைப் பார்த்து ஒருவரின் தொண்டை அளப்பது நம் வழக்கமன்று. அவ்வாறு அளப்போரை எதிர்த்துத்தானே இயக்கமே கண்டோம். தமிழ் உயர்தனிச் செம்மொழி என்று வாதாடிய அவர், 1903இல் முப்பத்து மூன்று வயதில் மறைந்தார். நடுவணரசு அந்த உண்மையை ஏட்டிலே எழுதிக்கொண்டது 2004இல்!

திருவையாற்றுக் கதை இன்னும் கசப்பானது. தஞ்சை மன்னர் விட்ட அறக்கட்டளை வருவாயில் அங்கே வடமொழிக் கல்லூரி நடந்தது. தமிழ் மண்ணின் விளைச்சலில் தமிழுக்குப் பங்கில்லை. 1920களில் நீதிக் கட்சித் தலைவர் ஏ. டி. பன்னீர்செல்வம் மாவட்டக் கழகத் தலைமையில் இருந்தபோது அந்த அநீதியைக் கண்டறிந்து, அக்கல்லூரியில் தமிழ்ப் புலவர் வகுப்புக்கு வழி செய்தார். பல்கலைக் கழகத்திலோ, தமிழில் முனைவர் பட்டம் பெற்ற முதல்வராக அறியப்படும் மு. வரதராசனார் அதனைப் பெற்றது 1948இல். பல்கலைக் கழகம் தோன்றி 91 ஆண்டு கழிந்தபின்! அதுவரையிலும் அதன் பின்னரும் தமிழாசிரியர்க்குப் பிற பாட ஆசிரியரினும் குறைந்த ஊதியம். மாணவரின் கேலி வேறு.

அப்படிப்பட்ட நாளில் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் தமிழ் பயின்று வெளிவந்தவர்கள்தாம் நாவலர் நெடுஞ்செழியனும் பேராசிரியர் அன்பழகனும். அவர்கள் பட்டத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிவிட்டு அமர்ந்துவிடவில்லை. சந்தைத் திடலிலும் ஆற்று மணலிலும் சிலம்பையும் குறளையும் எளிய மக்களிடம் கொண்டு சென்றனர். எழுதப் படிக்கத் தெரியாத உழவன் கண்ணகி கேட்ட நீதியைப் பற்றித் தன் வரப்பிலே நின்று பேசினான். "வேறெதிலும் இடம் கிடைக்கவில்லையா?" என்று அவர்களை எவரும் கேட்டிருக்க முடியாது.

இந்தக் குறை தமிழுக்கே உரியதா, தாய்மொழிப் பட்டம் எங்கும் இப்படித்தானா என்று எண்ணியபோது, இந்தியாவின் வடகிழக்கு மூலையில் உள்ள ஒரு சிறு மொழி நினைவுக்கு வந்தது. மீசோரம் மாநிலத்தின் மீசோ மொழி. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதனைப் பேசுவோர் 8 லட்சத்து 30 ஆயிரம் பேர். தமிழ் பேசுவோர் ஏறத்தாழ 6 கோடியே 90 லட்சம். நம்முடைய ஒரு மாவட்டத்துக்குள் அவர்கள் மொழி முழுவதும் அடங்கிவிடும்.

அம்மொழிக்கு 1894 வரை எழுத்தில்லை. அவ்வாண்டு அங்கே சென்ற லொரெய்ன், சாவிட்ஜ் என்னும் இரு கிறித்தவத் தொண்டர்கள் உரோமன் எழுத்தைக்கொண்டு நெடுங்கணக்கு அமைத்தனர். லொரெய்ன் தொகுத்த பேரகராதி 1940இல் வெளிவந்தது. மீசோ மக்களிடையே ஒரு பழங்கதை வழங்குகிறது: தங்களுக்கும் முன்பு எழுத்திருந்தது, தோலில் எழுதிவைத்திருந்தார்கள், அத்தோலை நாய் தின்றுவிட்டது. இதைப் படித்துச் சிரிக்க நமக்கு வாயுண்டா? நம்முடைய ஏட்டை எந்த நாயும் தின்னவில்லை. நாமே ஆடிப் பெருக்கில் ஆற்றில் விட்டோம்; கறையானுக்குக் கொடுத்தோம். எஞ்சியதைத் தேடித் தேடி உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைய நேர்ந்தது.

அந்த மக்கள் வாழ்வும் அமைதியாகச் செல்லவில்லை. 1959இல் மூங்கில் பூத்ததையொட்டிப் பெரும்பஞ்சம்; 1966இல் கிளர்ச்சி, தலைநகர் ஐசால்மீது வானூர்திக் குண்டுவீச்சு; 1986இல் உடன்பாடு; 1987இல் தனி மாநிலம். இத்தனைக்கும் நடுவே அவர்கள் மொழியைக் கல்லூரிக்குக் கொண்டுசென்றனர். 1990களில் வடகிழக்கு மலைப் பல்கலைக் கழகத்தின் கிளை வளாகத்தில் மீசோ துறை முளைத்தது. 2001இல் மீசோரம் பல்கலைக் கழகமே எழுந்தபின் அங்கே முதுகலைப் பட்டத்துக்கும் முனைவர் பட்டத்துக்கும் மீசோ உரிய பாடமாக நிற்கிறது. எழுத்துப் பிறந்து ஏறத்தாழ நூறாண்டில் முதுகலை! நாமோ ஈராயிரம் ஆண்டு எழுத்தை வைத்துக்கொண்டு முனைவர் பட்டத்துக்கு 91 ஆண்டு காத்திருந்தோம்.

இன்னொன்றையும் கருத வேண்டும். மீசோ இந்திய அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளுள் ஒன்றன்று. தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாகக்கொண்டு நம் இளைஞன் இந்திய ஆட்சிப் பணித் தேர்வு எழுதலாம். மீசோ இளைஞனுக்கு அந்த வாயிலும் இல்லை. அப்படியிருந்தும் பயில்கிறான். வேலைக்கு வழியில்லை என்பது மட்டுமே தாய்மொழிப் பட்டத்தின் மதிப்பைக் குறைத்துவிடாது என்பதற்கு இஃது ஒரு சான்று.

அவர்கள் பயில்வது மொழியும் இலக்கியமும் மட்டுமன்று, பண்பாடும் கூட. எழுதப்பட்ட இலக்கியம் நூறாண்டே ஆனதால், அதற்கு முந்திய அனைத்தும் மக்கள் வாயில்தான் கிடக்கிறது. அதைத் தேடாமல் அவர்களுக்குப் பாடமே இல்லை. லால்தேரி என்பாள் குடித்தலைவன் மகள். எளிய குடியில் பிறந்த சால்தாங்காவைக் காதலித்தாள். அவளுடைய வீட்டார் அவனைக் கொல்வித்தனர். அவள் உணவும் உடையும் மறுத்துப் புலம்பிய பாட்டுகள் இன்றும் அவள் பெயராலேயே வழங்குகின்றன. கிறித்தவத் தொண்டர் பழம் பாட்டுகளையும் பறையொலியையும் விரும்பவில்லை என்பதும் உண்மை. எழுத்தைக் கொடுத்த கையே பாட்டை அடக்கவும் முயன்றது. அடங்காமல் எஞ்சியவை இன்று ஆய்வுப் பொருளாகிவிட்டன.

காதலித்த குற்றத்துக்காகக் கொல்லப்பட்டோர் கதை நமக்குப் புதிதா? காத்தவராயன் கதை என்ன? மதுரை வீரன் கதை என்ன? சக்கிலியர் குலப் பெண்களை மணந்து அவர்களோடு வாழ்ந்து மாண்ட பார்ப்பன இளைஞன் முத்துப்பட்டன் கதை என்ன? இக்கதைப் பாடல்களைப் புலவருலகம் நெடுநாள் திரும்பியும் பார்க்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக் கழகம் சிலவற்றை வெளியிட்டது. அதன்பின் நாட்டுப்புறவியல் என்று ஒரு தாள் பாடத்திட்டத்தில் ஏறியது. கல்வெட்டியல் என்றும் ஒரு தாள். 1981இல் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக் கழகமே கண்டோம். ஏட்டளவில் குறையொன்றும் இல்லை.

ஆனால் அத்தாள்களை நடத்தும் முறை? வினா-விடைக் கையேடு ஒன்று. "கதைப் பாடலின் இயல்புகளை விளக்குக." ஆறு இயல்புகள், தலைப்பிட்டு எழுதினால் தேர்ச்சி. ஒரு கதைப் பாடலை முழுதும் கேட்டவன் வகுப்பில் எத்தனை பேர்? என்னோடு வந்த இளைஞனைக் கேட்டேன். தான் கேட்டதில்லை என்றான். அவனோ செஞ்சிச் சீமையில் பிறந்தவன். தேசிங்கு ராசன் கதை பிறந்த மண்ணில் வளர்ந்தவன்!

அக்கதையையே எடுத்துக்கொள்வோம். 1714இல் ஆர்க்காட்டு நவாபு சாததுல்லாகானை எதிர்த்து மாண்ட இளைஞன் தேசிங்கு. தமிழனல்லன், வடக்கேயிருந்து வந்த பண்டேலக் குடியினன். அவனுக்காக உயிர் கொடுத்த நண்பன் ஓர் இசுலாமியன். மணக்கோலத்தைக் கலைத்துவிட்டுக் களத்துக்கு வந்தவன் என்கிறது கதை. மதத்தையும் நாட்டையும் பாராமல், வீரத்தையும் நட்பையும் மட்டுமே பார்த்துப் பாடிய தமிழ்ப் பாமரனின் உள்ளம் அதில் இருக்கிறது. பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தைதோறும் விற்ற கதை அது. 2025இல் செஞ்சிக் கோட்டை உலக மரபுச் சின்னமாயிற்று, மராட்டியர் படைத்தலங்கள் பன்னிரண்டனுள் ஒன்றாக. மராட்டியர் இங்கிருந்தது வரலாறு, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கோட்டையைத் தமிழ் மக்களின் நெஞ்சில் கட்டியது எது என்று எடுத்துச் சொல்ல வேண்டியவன் தமிழ் முதுகலை மாணவனல்லவா?

எடுத்துச் சொல்வது என்றால் புகழ்வது மட்டுமன்று. அதே கதையில் தேசிங்கின் இளம் மனைவி சிதையேறுகிறாள். பாட்டு அதனைக் கற்பென்று போற்றுகிறது. அங்கே நின்று, "ஒரு பெண்ணை உயிரோடு எரித்தது எப்படி அறமாயிற்று? அதைப் பாடிய நாவுக்கு ஏன் நடுக்கமில்லை?" என்று கேட்கத் தெரிந்தவனே திறனாய்வாளன். கையேடு அந்த வினாவைக் கேட்பதில்லை. மக்கள் இலக்கியம் என்பதற்காக மக்களின் மூடத்தனத்துக்கும் மாலையிட வேண்டும் என்போரை நான் ஏற்கமாட்டேன்.

கிரந்தத்தின் செய்தியும் இவ்வாறே. வடமொழி எழுத்து நமக்கெதற்கு என்று நம் தோழர்கள் சிலர் கேட்பர். நானும் ஒருகாலத்தில் கேட்டவன்தான். சீயமங்கலத்தில் மகேந்திரன் தன் பெயரை வடமொழியில் வெட்டினான். செஞ்சிக்கு அருகே தளவானூரில் அதே மன்னன் குடைந்த கோயிலில் வடமொழிப் பாட்டோடு தமிழ்ப் பாட்டும் வெட்டப்பட்டிருக்கிறது. எந்த மொழி எப்போது அரசனின் மொழியாக நின்றது, தமிழ் எங்கே எவ்வாறு இடம்பிடித்தது என்பதைத் தூணே சொல்லும். வடமொழி ஆதிக்கத்தை எதிர்க்கிறவன்தான் அதைப் படிக்கக் கற்க வேண்டும். வழக்காடப் போகிறவன் எதிரியின் ஆவணத்தைப் படிக்கமாட்டேன் என்றால் எந்த மன்றத்தில் வெல்வான்?

திரும்பி வருகையில் அந்த இளைஞன் நெடுநேரம் பேசவில்லை. தேசூரில் தேநீர்க் கடையில் அமர்ந்தபோது, "செஞ்சிப் பக்கத்தில் படிக்கக்கூடிய கல் ஏதும் உண்டா ஐயா?" என்றான். திருநாதர் குன்றைப் பற்றிச் சொன்னேன். இருபத்து நான்கு தீர்த்தங்கரர் உருவம் செதுக்கிய பாறை. ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரின் நினைவாக அங்கே வெட்டிய கல்வெட்டு. பழைய தமிழெழுத்து வட்டெழுத்தாக உருமாறும் நிலையைக் காட்டுவது. ஐகார எழுத்து அதில் வடிவு பெற்றிருப்பதை அறிஞர் எடுத்துக்காட்டுவர். உண்ணாமல் சாவதை நோன்பென்பதை நான் ஒப்பவில்லை; எழுத்தை எப்படி விடுவது?

வரும் ஞாயிற்றுக்கிழமை அங்கே செல்வதாகப் பேசியிருக்கிறோம். எழுத்து வடிவ அட்டவணை ஒன்றைப் படியெடுத்துக் கொடுத்திருக்கிறேன். வகுப்புத் தோழர்கள் நால்வரையும் உடனழைத்து வருவதாகச் சொன்னான். அவர்களுள் ஒருத்தி மேல்சித்தாமூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பத்துப் பெண்ணாம். குன்றுக்கு ஏறும் வழி அவளுக்குத் தெரியுமாம்.