சுட்டுவிரலும் கரே-கரேயும்

மணிலாவை ஒட்டிக் கிழக்கே, ரிசால் மாகாணத்துக் கயிந்தாவில், சாலையோரச் சாப்பாட்டுக் கடையொன்றின் பலகையில் 'நேட்டிவ் டெலிகசீஸ்' என்று எழுதியிருந்தது. பிலிப்பைன்ஸில் இந்தத் தொடர் பெரும்பாலும் அரிசிப் பண்டங்களையே குறிக்கும்: இலையில் சுற்றி அவித்த சூமான், மேலும் கீழும் தணல் வைத்துச் சுட்ட பிபிங்கா, மேலே தூவுவதற்குத் தேங்காய்ப்பாலைச் சுண்டவைத்து எடுத்த லாத்திக். இம்மூன்றின் பெயர்களையும் ஒட்டித்தான் அந்த ஊர் தன் திருவிழாவுக்கே 'சும்பிங்திக்' என்று பெயர் வைத்திருக்கிறது.

ஆனால் 'நேட்டிவ்' என்ற சொல் அவ்வளவு அப்பாவியானதல்ல. 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி கண்காட்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிலிப்பைன் மக்களைக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தார்கள். சடங்குகளின்போது நாய்க்கறி உண்ணும் இகோரோத் மக்கள் அங்கே கூட்டத்துக்காகத் தின்றுகாட்ட வேண்டியிருந்தது. பார்வையாளனின் விரல் தின்பவனைச் சுட்டியது. ஆளவந்தவன் சூட்டிய பெயரை ஆளப்பட்டவனே பலகையில் எழுதி வியாபாரம் பண்ணுகிறான் என்றால், அடிமைப்புத்தி என்று ஒதுக்கிவிடலாமா? பலகையை வாசிப்பது யார் என்று பார்க்கவேண்டும். அன்று அந்தக் கடையில் வெளியாள் நான் ஒருத்தன்தான். மற்றவர்களுக்கு அந்தச் சொல் வீட்டுப் பலகாரம் என்றுமட்டுமே பொருள்பட்டது.

இம்மாதிரிக் கடைகளுக்குத் 'தூரோ-தூரோ' என்று பெயர். 'தூரோ' என்றால் சுட்டுதல். வரிசையாக இருக்கும் சட்டிகளில் வேண்டியதை விரலால் காட்டினால் போடுவார்கள். நான் காட்டியது கரே-கரே. மாட்டுவாலும் குடலும் போட்ட வேர்க்கடலைக் குழம்பு. உண்மையில் அதைத் தேடித்தான் போயிருந்தேன்.

காரணம் சரித்திரம். 1762இல் மதராஸிலிருந்து கப்பலேறிய ஆங்கிலப் படை மணிலாவைப் பிடித்து 1764வரை வைத்திருந்தது. அதில் போன சிப்பாய்களில் சிலர் படையை விட்டு ஓடிக் கயிந்தாப் பக்கம் குடியேறிவிட்டார்கள். கரே-கரே அவர்கள் காய்ச்சிய கறியின் வழிவந்தது என்று ஒரு கதை. இல்லை, பம்பாங்கா மாகாணத்துப் பண்டம் என்று இன்னொரு கதை. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு வேர்ச்சொல் வியாதி உண்டு. முதல் கதையே எனக்குப் போதுமாயிருந்தது. கூட வந்த நண்பர் பரிமாறிய பெண்மணியை 'ஆத்தே' என்று கூப்பிட்டார். அக்கா என்று அர்த்தம். நான் அவரிடம், "இது எங்க ஊர்க் கறிதான்" என்றேன். "அப்படியா? எனக்கு எங்கம்மா சொல்லிக்கொடுத்தது" என்றவர், இறால் ஊறலான பகோஓங்கைக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

'எங்க ஊர்' என்ற அந்தச் சொல்லைத்தான் கட்டுடைக்க வேண்டியிருக்கிறது. செயின்ட் லூயியில் நீண்ட விரல் 'நீ வேறு' என்றது. என் விரல் 'நீயும் நான்தான்' என்றது. இரண்டுமே எதிராளியைப் பேசவிடுவதில்லை. அந்தக் குழம்பின் உடம்பே வேர்க்கடலை. தென்னாற்காட்டில் அதை நாம் மல்லாட்டை என்கிறோம். மணிலாக்கொட்டை என்பதன் மரூஉ. என் தர்க்கப்படி அந்த அம்மா விழுப்புரத்துக்கு வந்து, அவித்த மல்லாட்டையைச் சுட்டி, "இது எங்க ஊர்ப் பயிர்" என்று சொல்லலாம். அதுவும் செல்லாது, கடலை தென்னமெரிக்காவில் பிறந்தது.

அந்தச் சிப்பாய்களையாவது விட்டுவைக்கிறோமா? மதராஸ் சிப்பாய்களில் தமிழர் மட்டுமா இருந்தார்கள்? அது ஒருபக்கம். அவர்கள் கம்பெனிக் கொடியை உதறிவிட்டு வேற்று மண்ணில், வேற்று மொழியில் பிள்ளை பெற்று வாழ்ந்தவர்கள். கடல்கடந்த தமிழர் பெருமை என்ற சொல்லாடலுக்குள் அவர்களை இழுத்துவருவது, தப்பி ஓடியவனைப் பிடித்து மறுபடி பட்டாளத்தில் சேர்க்கிற காரியம். நம் ஆய்வேடுகள் பலவும் இந்தப் பிடியாணை வேலையைத்தான் செய்துகொண்டிருக்கின்றன. நானும் செய்திருக்கிறேன்.

'திக்கிம்' (1994) எழுதிய டோரீன் ஃபெர்னாண்டஸ் (1934-2002), வெளியிலிருந்து வந்த உணவு உள்ளூர்ப் பண்டங்களாலும் தொடுகறிகளாலும் உள்ளூர்த்தன்மை பெறுவதைத் தொடர்ந்து பேசியவர். கரே-கரேயில் உப்பு குறைவு. தின்பவர்தான் பகோஓங்கைத் தொட்டுக் கரிப்பைச் சரிபண்ணிக்கொள்ள வேண்டும். பிரதியை முடிப்பவர் வாசகர் என்று பத்து வருஷமாக எழுதிவருகிற எனக்கு, இது சாப்பாட்டு இலையில் தெரியவில்லை. எடுத்த எடுப்பில் அள்ளிப் போட்டுக்கொண்டு, வாயில் வைக்க முடியாமல் விழித்தேன். அந்த அக்கா சிரித்துக்கொண்டே வந்து இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். எங்கிருந்து வருகிறாய் என்று அப்போதும் கேட்கவில்லை.