காட்டு ஆர்க்கிட்: பார்ப்பதும் பெயர் அறிவதும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் வளரும் காட்டு ஆர்க்கிடுகளில் பலவற்றின் பூ சுண்டுவிரல் நகத்தளவுகூட இருக்காது. ஓபரோனியா என்னும் பேரினத்தின் பூ கடுகைவிடச் சற்றே பெரியது. ஒரே கதிரில் நூற்றுக்கணக்கில் நெருங்கி நிற்பதால், வழியில் போகிறவர் அதைப் பூ என்றே எண்ணாமல் கடந்துவிடுவார். பூக்கடையில் விற்கும் ஊதா நிறக் கலப்பின ஆர்க்கிடை மனத்தில் வைத்துக்கொண்டு காட்டுக்குள் போனால் ஏமாற்றமே மிஞ்சும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் போதும், கடுகுக்குள்ளும் உதடும் மடிப்பும் முழுதாகத் தெரியும்.

இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 2019இல் வெளியிட்ட கணக்கின்படி இந்தியாவில் 155 பேரினங்களைச் சேர்ந்த 1,256 ஆர்க்கிட் சிற்றினங்கள் உள்ளன. அவற்றில் 388 இந்தியாவுக்கு வெளியே வளராதவை. அந்த 388இல் மூன்றில் ஒரு பங்கு மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. இத்தனையையும் யாரும் நினைவில் வைத்திருக்கப்போவதில்லை. இருபது பேரினங்களின் முகம் பிடிபட்டால், நீலகிரியிலோ பழனி மலையிலோ சேர்வராயனிலோ எதிர்ப்படும் செடியைக் கிட்டத்தட்ட எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடலாம்.

செடி எங்கே நிற்கிறது என்பது முதல் கேள்வி. மரக்கிளையில் நிற்பதைக் கண்டதும் புல்லுருவி என்று சொல்வது ஊர் வழக்கம். அது பிழை. புல்லுருவி கிளைக்குள் உறிஞ்சுவேரை இறக்கி மரத்தின் சாற்றை எடுத்துக்கொள்ளும். ஆர்க்கிட் பட்டையைப் பற்றிக்கொண்டு நிற்குமே தவிர, மரத்திடமிருந்து எதையும் எடுப்பதில்லை. அதன் வேர் வெளியே தொங்கும், சாம்பல் கலந்த வெண்மையாக இருக்கும். வேரைச் சுற்றி வெலாமன் என்னும் இறந்த செல்களாலான உறை ஒன்று உண்டு. அது பஞ்சுபோல மழைநீரை வாங்கி வைத்துக்கொள்ளும். காய்ந்த வேரின் மீது சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தால், வெள்ளை மங்கி உள்ளிருக்கும் பச்சை எழுந்து வருவதைக் கண்ணெதிரே காணலாம். புல்லுருவியா ஆர்க்கிடா என்ற சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

தரையில் வளர்பவை வேறு கூட்டம். மண்ணுக்குள் கிழங்கு கிடக்கும். தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் இலை வரும், பூ வரும், பிறகு எல்லாம் மறையும். கோடையில் அதே இடத்தில் செடி இருந்த சுவடே இருக்காது. அதனால் தரை ஆர்க்கிட் பார்க்க விரும்புகிறவர் ஆடி, ஆவணியில் மழைக்கும் அட்டைக்கும் அஞ்சாமல் போக வேண்டும். இலையும் பச்சையமும் இல்லாமல், மண்ணிலுள்ள பூஞ்சையை நம்பியே வாழும் எபிபோஜியம் போன்றவையும் உண்டு. அவற்றைக் காண்பது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தின் வேலை.

இடம் தெரிந்த பிறகு பூவுக்கு வரலாம். வெளிச்சுற்றில் மூன்று புல்லி இதழ்கள், உள்சுற்றில் மூன்று அல்லி இதழ்கள் என்பது எல்லா ஆர்க்கிடுக்கும் பொதுவான கணக்கு. உள்சுற்று மூன்றில் ஒன்று மட்டும் மற்ற இரண்டைப் போல இருக்காது. அகன்றோ, சுருண்டோ, மயிர் அடர்ந்தோ, பை போலத் தொங்கியோ தனித்து நிற்கும் அந்த இதழுக்கு உதடு என்று பெயர். பூச்சி வந்து இறங்கும் திண்ணை அது. ஒரு சிற்றினத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்கும் அடையாளங்கள் பெரும்பாலும் இந்த உதட்டில்தான் எழுதியிருக்கும்: எத்தனை மடல், நடுவில் வரம்பு உண்டா, பின்னால் வால்போன்ற தேன்குழல் நீண்டிருக்கிறதா, அந்தக் குழல் சூலகத்தைவிட நீளமா குட்டையா. நிறத்தை நம்பி முடிவு செய்வது ஆபத்து. ஒரே செடியின் பூவே முதல்நாள் ஒரு நிறமும் வாடும்போது வேறு நிறமுமாக இருக்கும்.

உதட்டுக்கு எதிரே, பூவின் நடுவில் ஒரு குட்டைத் தூண் நிற்கும். செங்காந்தள் பூவை எடுத்துப் பார்த்தால் ஆறு மகரந்தத் தாள்களும் தனித்தனியே விரிந்திருக்கும், சூல்தண்டு ஒரு பக்கமாக மடங்கிக் கிடக்கும். ஆர்க்கிடில் ஆணும் பெண்ணுமான இந்த உறுப்புகள் இணைந்து ஒரே தூணாகிவிட்டன. ஆர்க்கிட் என்று உறுதி சொல்ல இந்தத் தூண் ஒன்றே போதும்.

பூக்காம்பு போலத் தெரியும் பகுதியில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. அது உண்மையில் சூலகம். மொட்டாக இருக்கும்போது உதடு மேல்பக்கம் இருக்கும். மலரும் முன் சூலகம் அரைச்சுற்று முறுக்கிக்கொண்டு உதட்டைக் கீழே கொண்டுவரும். கைலென்ஸில் பார்த்தால் கயிற்றுப் புரிபோல அந்த முறுக்கு தெரியும். கொடைக்கானல், நீலகிரிப் புல்வெளிகளில் மழைக்குப் பின் இளஞ்சிவப்புக் கதிராக நிற்கும் சட்டிரியம் நேபாலென்ஸ் இந்த முறுக்கைப் போடுவதில்லை. அதனால் அதன் உதடு மேலேயே முக்காடு போலக் கவிழ்ந்திருக்கும், முக்காட்டின் பின்னாலிருந்து இரண்டு குழல்கள் தொங்கும். ஒரு குழல் என்றால் ஹாபனேரியாவாக இருக்கலாம், உதடு மேலேயும் குழல் இரண்டுமாக இருந்தால் சட்டிரியம். இத்தனை தெளிவான அடையாளம் எல்லாப் பேரினத்துக்கும் வாய்ப்பதில்லை.

தூணின் உச்சியில் சிறு தொப்பி ஒன்று மூடியிருக்கும். அதற்குள் மகரந்தம் தூளாக இல்லாமல், உருண்டையாகத் திரண்டு இருக்கும். இந்தத் திரளுக்குப் பொலினியா என்று பெயர். டார்வின் 1862இல் ஆர்க்கிட் மகரந்தச் சேர்க்கை பற்றித் தனி நூலே எழுதினார். அதில் சொன்ன சோதனையை அவருடைய நாட்டு ஆர்க்கிடில் செய்தார்: கூரான பென்சிலைப் பூவுக்குள் மெல்ல நுழைத்து வெளியே எடுத்தால், நுனியில் இரண்டு மகரந்தத் திரள்கள் கொம்புபோல ஒட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்கும். அரை நிமிடத்தில் அவை தாமாகவே முன்னோக்கிச் சாயும். பூச்சி அடுத்த பூவுக்குப் பறந்து போகும் நேரத்துக்குள், அங்குள்ள சூல்முடியில் சரியாக இடிக்கும் கோணத்துக்கு அவை வந்துவிடுகின்றன. ஆர்க்கிடை ரசிக்க ஒரே ஒரு விஷயத்தைத்தான் அறிந்துகொள்ள முடியும் என்றால், இந்தச் சாய்வை அறிந்துகொள்ளலாம்.

பூ எப்போதும் கிடைக்காது. ஆண்டில் பத்து மாதம் செடி வெறும் இலையாகத்தான் நிற்கும், அடையாளம் காணும் பழக்கமும் அங்கேதான் வளர்கிறது. சமவெளி மாமரத்திலும் புதர்க்காட்டு மரங்களிலும் அருகருகே வளரும் வாண்டா டெசலேட்டா, அகாம்பே பிரிமோர்சா என்ற இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே தண்டில் இரு வரிசையாக வார்போன்ற இலைகளை அடுக்கிக்கொண்டு மேலே வளரும். வாண்டாவின் இலை குறுகலானது, நடுநரம்பு நெடுக வாய்க்கால்போலக் குழிந்தது. விரலை வைத்தால் சறுக்கிக்கொண்டு போகும். நுனியைத் தடவினால் கூரான பற்கள் தட்டுப்படும். அகாம்பேயின் இலை அகலம், தோல்செருப்பு போலத் தடித்து விறைப்பாக இருக்கும். நுனியில் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக மழுங்கிய இரு மடல்கள். பூத்தபின் சந்தேகமே இல்லை. வாண்டாவின் பூ நான்கைந்து சென்டிமீட்டர் அகலம், மஞ்சள்பச்சையில் பழுப்புக் கட்டங்கள், உதட்டில் நீலமோ ஊதாவோ, இதழின் பின்புறம் வெள்ளை. அகாம்பேயின் பூ சிறிது, மஞ்சளில் செம்பழுப்புக் கோடுகள், இலைகளுக்கு இடையிலேயே கொத்தாக ஒண்டிக்கொண்டிருக்கும்.

மற்றவற்றின் இலைகளும் இதேபோல ஆளுக்கொரு சாடை. லூயிசியாவின் இலை மெலிந்த பென்சில்போல உருண்டை. ஓபரோனியாவின் இலைகள் பக்கவாட்டில் தட்டையாகி விசிறிபோல ஒரே தளத்தில் விரிந்திருக்கும். பல்போபில்லத்தில் பாறையோடும் பட்டையோடும் ஓடும் தண்டில் போலிக்குமிழ்கள் வரிசையாக முளைத்திருக்கும், பெரும்பாலும் குமிழுக்கு ஓர் இலை. டென்ட்ரோபியத்தின் தண்டு கணுக்கணுவாகக் கரும்பின் சாயலில் இருக்கும். சிலவற்றில் இலை முழுதும் உதிர்ந்து, செத்த குச்சி என்று தோன்றும் நேரத்தில்தான் வெள்ளைப் பூ வெடித்து வரும்.

இனிப் பெயர். கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் மலபார்ச் செடிகளைத் தொகுத்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' நூல் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. அதன் கடைசித் தொகுதியில் மர ஆர்க்கிடுகள் மலையாள வழக்கில் மரவாழை என்ற பெயரோடு இருக்கின்றன. எந்த மரத்தில் நிற்கிறதோ அந்த மரத்தின் பெயர் முன்னால் சேரும்: அயினிப்பலாவில் நிற்பது ஆஞ்சிலி மரவாழை, எட்டி மரத்தில் நிற்பது காஞ்சிர மரவாழை. இடத்தைச் சொல்லும் நல்ல முறைதான். ஆனால் ஒரே ஆர்க்கிட் பல மரங்களில் ஏறும் என்பதால் பெயர் வழுக்கிவிடும். லின்னேயஸ் 1753இல் மரத்தில் வாழும் ஆர்க்கிடுகளையெல்லாம் எபிடென்ட்ரம், அதாவது 'மரத்தின் மேல்', என்ற ஒரே பேரினத்தில் போட்டார். அதுவும் நிற்கவில்லை. பிறகு வந்தவர்கள் பூவைப் பிரித்துப் பார்த்துப் பல பேரினங்களாக்கினார்கள். ஆஞ்சிலி மரவாழை இன்று ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டூசா: அலகு போன்ற தூண் உடையது, இலைநுனி மழுங்கிக் குழிந்தது. வெள்ளையில் ஊதாப் புள்ளியிட்ட அதன் பூங்கொத்து நரிவால்போலத் தொங்கும். அஸ்ஸாமில் பிஹு ஆடும் பெண்கள் கொண்டையில் சூடுவது இதே பூ, அம்மாநிலத்தின் மலரும் இதுவே. காஞ்சிர மரவாழை சிம்பிடியம் அலாய்போலியம்: படகு வடிவ உதடு, கற்றாழை போன்ற இலை.

இப்படி இரண்டாம் சொல்லைப் பிரித்துப் படிக்கப் பழகினால் பெயரே கையேடாகிவிடும். டெசலேட்டா என்றால் கட்டம் போட்டது, இம்பிரிகேட்டா என்றால் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று கவிந்தது, பிரிமோர்சா என்றால் கடித்து எடுத்தது. அகாம்பேயின் இலைநுனிக்கு வைத்த பெயர் இது. வாண்டாவின் நுனிதான் இன்னும் அதிகமாகக் கடிபட்டதுபோல இருக்கும் என்றாலும், இரண்டையும் 1795இல் ஒரே நூலில் படத்தோடு வெளியிட்ட ராக்ஸ்பர்க் அப்படித்தான் வைத்தார். அன்று இரண்டும் எபிடென்ட்ரம். இன்று பேரினம் மாறிவிட்டதால் அவர் பெயர் அடைப்புக்குறிக்குள் நிற்கும், மாற்றியவர் பெயர் வெளியே வரும். வாண்டா என்ற சொல்லோ மரத்தில் தொற்றி வளர்வதற்குச் சமஸ்கிருதத்தில் வழங்கிய பெயரிலிருந்து வந்தது. புல்லுருவிக்கும் அதே சொல்தான், ஊராரின் பழைய குழப்பம் அறிவியல் பெயருக்குள்ளும் ஏறி உட்கார்ந்துவிட்டது.

ஆள் பெயர் தாங்கியவையும் உண்டு. அகத்தியமலையில் மட்டும் வளரும் பாபியோபெடிலம் ட்ரூரியை கர்னல் ட்ரூரியின் பெயருடையது, தென்னிந்தியக் காடுகளுக்குரிய ஒரே செருப்பு ஆர்க்கிட். இலங்கையின் ஈரவலயக் காட்டுக்குரிய டென்ட்ரோபியம் மெக்கார்த்தியை ஒரு காலனி அதிகாரியின் மனைவியின் பெயரில் இருக்கிறது. சிங்களத்தில் அதற்கு வெசாக் மல் என்று பெயர், வைகாசிப் பௌர்ணமியை ஒட்டிப் பூப்பதால். இரண்டில் எது நல்ல பெயர் என்று கேட்டால், எப்போது போய்ப் பார்க்கலாம் என்று சொல்லும் பெயர்தான். ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட தென்னிந்தியத் தாவரப் படத்தொகுதிக்கு ரங்கையாவும் கோவிந்துவும் படம் வரைந்தார்கள். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு வைட் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். அது ஏற்கெனவே பெயர்பெற்ற ட்ரோபிடியாவுக்குள் அடங்கும் என்று பின்னர் தெரிந்ததால் கோவிந்துயா என்ற பெயர் வழக்கிழந்தது. ஓவியரின் பெயர் போனது வருத்தம்தான், ஆனால் முந்தைய பெயருக்கே முன்னுரிமை என்பது விதி. மரபணு ஆய்வு வந்தபின் பெயர்கள் இன்னும் வேகமாக மாறுகின்றன. பூக்கதிர் கூன் விழுந்து தரையைப் பார்த்து மலரும் ஜியோடோரத்தை 2021இல் யூலோபியாவில் சேர்த்தார்கள். பழைய நூலில் ஒரு பெயரும் புதிய பட்டியலில் வேறு பெயருமாக இருந்தால் மிரள வேண்டியதில்லை, செடி ஒன்றே.

குறிப்பெடுக்கும்போது பூவை நேர்முகமாகவும் பக்கவாட்டிலும் படம் எடுக்க வேண்டும். குழல் பக்கவாட்டில்தான் தெரியும். இலைநுனி, தண்டு, வேர், நிற்கும் மரம், உயரம், தேதி ஆகியவையும் வேண்டும். செடியைப் பெயர்த்து எடுப்பது சட்டப்படி குற்றம், பயனும் இல்லை: காட்டு ஆர்க்கிடின் தூசி போன்ற விதை பூஞ்சை இல்லாமல் முளைக்காது, பெயர்த்த செடியும் வீட்டு மாடியில் நெடுநாள் தங்காது. செருப்பு ஆர்க்கிட் போன்ற அரியவற்றின் இடத்தை அறிந்தவர்கள் வெளியே சொல்வதில்லை.

எல்லாவற்றுக்கும் சிற்றினப் பெயர் கிடைத்துவிடாது. டென்ட்ரோபியம் ஒவாட்டமா பார்படூலமா என்று இலையில்லாத வெள்ளைப் பூவின் முன் அனுபவசாலிகளும் தயங்குவார்கள். அங்கே டென்ட்ரோபியம் என்று மட்டும் எழுதி நிறுத்துவதே நேர்மை. இலையைக் கொண்டு அறியும் பழக்கத்துக்கு ஏற்காட்டிலுள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் வசதியான இடம். பூ இல்லாத மாதத்தில் போய், பெயர்ப்பலகையைப் பார்க்கும் முன் இலைநுனியைப் பார்த்துப் பெயர் சொல்லிப் பழகலாம்.