மூடி வேண்டும், மெலிவு வேண்டாம்

மோட்டோரோலா நிறுவனம் 2004ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சந்தைக்குக் கொண்டுவந்த ரேசர் வி3 மடிப்புப் போன், மூடியிருக்கும்போது 13.9 மில்லிமீற்றர் தடிப்பு. எடை 95 கிராம். அந்த வரிசைக் கைபேசிகள் உலகெங்கும் 13 கோடிக்கு மேல் விற்றன. பாராட்டியவர்களில் பெரும்பாலோர் சொன்ன காரணம் ஒன்றுதான்: சட்டைப் பையில் இருப்பதே தெரியவில்லை. ஆனால் இலங்கையின் டிக்கோயா மலையில் கொழுந்து எடுக்கிற பெண்ணுக்குச் சட்டைப் பை கிடையாது. தலையில் கூடைக் கயிறு, இடுப்பில் படங்கு, இரண்டு கையும் செடியில். போனைச் சொப்பிங் பேக்கில் சுற்றி ரவிக்கைக்குள்ளோ படங்கு மடிப்பிலோ செருகிக்கொள்வார்கள். அங்கிருந்து பார்த்தால் இந்த மடிப்புப் போனின் நிறைகுறைகள் வேறு வரிசையில் வந்து நிற்கின்றன.

முதலில் விலை. அமெரிக்காவில் ரேசர் வெளியானபோது ஒப்பந்தத்தோடு சேர்த்தே 500 டொலர். டொலர் நூறு ரூபாவைத் தாண்டியிருந்த காலம் அது. 2006 கடைசியில் நடந்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகு கையெழுத்தான கூட்டு ஒப்பந்தத்தின்படி தோட்டத் தொழிலாளிக்குக் கிடைத்தது எல்லாக் கொடுப்பனவும் சேர்த்து நாளுக்கு 260 ரூபா. கணக்குப் போட்டால் ஒரு போனுக்கு ஏறக்குறைய 200 நாள் பேர் போட (வேலைக்கு வந்ததாகப் பதிய) வேண்டும், அதுவும் அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) விழாமல். ஆகவே புதுப் பெட்டியோடு இந்தப் போன் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) வந்தது அபூர்வம். கொழும்புக் கடையில் வேலை செய்யும் பையன் தீபாவளிக்கு வரும்போது இரண்டாம் கைப் போனாகக் கொண்டுவந்தான். வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன அக்கா எசமானி பாவித்துவிட்டுக் கொடுத்ததைக் கொண்டுவந்தாள். பிறகு சீனத்திலிருந்து அதே உருவத்தில் நகல்கள் வந்து குவிந்தன. அசல் எது, நகல் எது என்று இஸ்தோப்பில் (திண்ணையில்) உட்கார்ந்து மணிக்கணக்கில் வாதாடியவர்களும் உண்டு.

இந்தப் போனை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கியவர்கள் அன்று நிறையப் பேர். அவர்களில் பாதிப் பேர் மாதச் சம்பளக்காரர்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தோட்டத்தில் வெளியுலகத் தொடர்பு என்பது நீண்ட காலம் ஒபிஸ் வழியாகவே நடந்தது. லயத்துக் காம்பராவுக்கு (அறை வீட்டுக்கு) தனி முகவரி இல்லாததால் கடிதங்கள் தோட்ட ஒபிசுக்கு மொத்தமாக வரும். கைக்குச் சேர்ந்தால் அதிர்ஷ்டம். கோல் எடுக்க வேண்டுமானால் டவுனுக்கு இறங்கி கொமியூனிகேஷன் கடையில் நிற்க வேண்டும். 2005க்குப் பிறகு சீடிஎம்ஏ போன் சில காம்பராக்களுக்கு வந்தது. ஆனால் ஒரு வீட்டுப் போனுக்கு லயமே சொந்தக்காரர். யாருக்கு எங்கிருந்து கோல் வந்தது என்பது கடைசிக் காம்பரா வரைக்கும் தெரிந்துவிடும். தன் பெயரில், தன் கைக்குள் அடங்குகிற ஒரு போன் அந்தச் சூழலில் கொஞ்சம் பளபளப்பாக இருக்கட்டும் என்று ஒருவன் நினைத்ததில் எனக்குக் குற்றம் தெரியவில்லை.

குற்றம் பொருளிலேயே இருக்கிறது. வழக்கமாக உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் பெட்டரியையும் சர்க்கியூட் பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பி, அன்டெனாவை வாய்ப்பகுதியின் கீழ்ப் புடைப்புக்குள் இறக்கி வைத்ததால்தான் ரேசர் மெலிந்தது. அதற்கு விலையாக அகலம் 53 மில்லிமீற்றரானது. பெட்டரி சிறுத்தது, 680 மில்லிஅம்பியர் மணி. மெமரி அட்டை போட இடமில்லை. பொத்தான்கள் ஒரே உலோகத் தகட்டில் கோடு கிழித்த மாதிரி தட்டையாயின. நகரத்து மேசையில் இவை எல்லாம் சின்ன விட்டுக்கொடுப்புகள். மலையில் ஒவ்வொன்றும் பெரிதாகிறது.

பெட்டரியை எடுத்துக்கொள்வோம். ஹட்டன் பக்கத்து டவர் காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு மலை மடிப்பையும் பார்ப்பதில்லை. றோட்டு வளைவில் நாலு கோடு காட்டும் போன், லயத்துக்கு இறங்கியதும் ஒரு கோட்டுக்கு வந்துவிடும். சிக்னல் மெலியும்போது போன் சும்மா இருப்பதில்லை. டவருக்குக் கேட்கும்படி தன் ஒலிபரப்பு வலுவைக் கூட்டுகிறது. 900 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இது 2 வாட் வரை போகும். சட்டைப் பைக்காகச் சிறுக்க வைத்த பெட்டரி, டவர் தேடியே தீர்ந்துபோகிறது. தென்மேற்குப் பருவக் காற்றில் கரண்டும் நின்றுவிட்டால் மறுநாள் பிரட்டுக்கு (காலை வேலைக் கூட்டத்துக்கு) போகும்போது போன் செத்த போன்தான்.

அதே காலத்தில் லயத்தில் கொடிகட்டிப் பறந்தது நொக்கியா 1100. 2003இல் வந்த அது உலகில் 25 கோடி விற்றது. 850 மில்லிஅம்பியர் மணி பெட்டரி. தூசி புகாதபடி பொத்தான்கள் மேல் ஒரே ரப்பர் விரிப்பு, வழுக்காத பக்கங்கள், நுனியில் டோர்ச். விடியற்காலை இருட்டில் லயத்துப் படி இறங்குகிறவளுக்கும், இரவில் வெளியிலுள்ள கக்கூசுக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகிறவளுக்கும் அந்த டோர்ச் ஒன்றே பாதிப் போன். ரேசரில் கமரா இருந்தது, டோர்ச் இல்லை. கறை ஏறிக் காய்த்துப்போன விரலுக்கு, அதுவும் குளிரில் மரத்திருக்கும்போது, நொக்கியாவின் மேடு தட்டுப்படும்; தகட்டுப் பொத்தானில் ஐந்து எங்கே, எட்டு எங்கே என்று கண்ணால்தான் தேட வேண்டும். சார்ஜர் விசயமும் இப்படித்தான். ரேசரின் மினி யூஎஸ்பி துளை நாகரிகமான யோசனை, காலத்துக்கு முந்தியதும்கூட. ஆனால் லயத்தில் எட்டுக் காம்பராவில் நொக்கியா பின் இருந்தது. மடிப்புப் போன்காரன் தன் சார்ஜரை மறந்துவிட்டு வந்தால் அன்றோடு கதை முடிந்தது.

இத்தனைக்கும் மேலே பிணைச்சல். எந்த மடிப்புப் போனானாலும் மேல் பாதியையும் கீழ் பாதியையும் இணைப்பது காகிதம் போன்ற மெல்லிய நாடாக் கம்பி. ஒவ்வொரு திறப்பிலும் அது வளைகிறது. ஈரமும் சேர்ந்தால் ஆயுள் குறையும். முதலில் திரையில் கோடு விழும், பிறகு திரை வெளுக்கும், கடைசியில் காதுப்பக்க ஒலியும் ஓயும். ஹட்டன் கடைக்காரர் திறந்துகூடப் பார்க்காமல் “பிளெக்ஸ் போயிருச்சி” என்று சொல்லிவிடுவார். திரை வெளுத்த போனை வீசியவர்கள் குறைவு. பேச முடிகிற வரைக்கும் பேசினார்கள். யார் கோல் எடுக்கிறார்கள் என்பது திறந்து “ஹலோ” சொன்ன பிறகு தெரிந்தால் போதும் என்று இருந்துவிட்டார்கள்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் மடிப்புப் போனை நான் தள்ளிவிடவில்லை. காரணம் அதன் மூடி. “தொறந்தா பேசலாம், மூடுனா கட்” என்று ஒரு பேத்தி தன் பாட்டிக்குச் சொல்லிக்கொடுத்து முடிக்கக்கூடிய போன் இது. நீட்டுப் போனில் பொத்தான் பூட்டைத் திறக்க ஒரு பொத்தான், பிறகு நட்சத்திரம், பேசி முடிக்க சிவப்பு. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத, சின்ன வயதிலேயே மலைக்குப் போன தலைமுறைக்கு இது சின்ன வேலையல்ல. பூட்ட மறந்தால் படங்கு மடிப்புக்குள் இருந்தபடியே போன் யாருக்கோ கோல் எடுக்கும். மாலையில் மகளுக்குப் பேசலாம் என்று போட்ட 50 ரூபா ரீலோட் மதியத்துக்குள் காணாமல் போகும். மூடி உள்ள போனில் இந்த இழப்பு இல்லை. பாதுகாப்பைப் பழகிக்கொள்ளத் தேவையில்லாமல் பொருளே அதைச் செய்துவிடுகிறது. நல்ல வடிவமைப்பு என்றால் நான் கேட்பது இதைத்தான்.

இன்னும் இரண்டு நன்மைகள். கவ்வாத்து வெட்டிய செடிகளின் குச்சிகளுக்கு நடுவே நடக்கும்போது உள்திரையில் கீறல் விழாது. திறந்த நிலையில் போன் முகத்தின் நீளத்துக்கு வருவதால் காதுப்பகுதி காதருகிலும் வாய்ப்பகுதி வாயருகிலும் இருக்கும். காற்று அடிக்கிற மேட்டில், காது மந்தமான ஒருவருக்கு, இது பெரிய உதவி. ஆனால் மூடி அந்தரங்கத்தைக் காக்கும் என்று சிலர் சொன்னதை நான் ஏற்கவில்லை. பத்தடிக் காம்பராவில், தடுப்புச் சுவருக்கு மேலே குரல் தாண்டிப் போகிற லயத்தில், எந்த மூடியும் ரகசியம் காக்காது. தனியாகப் பேச வேண்டியவர்கள் கோவில் மேட்டுக்கோ தண்ணீர் டாங்கிப் பக்கமோதான் போனார்கள்; சிக்னலும் அங்கேதான் கிடைத்தது.

மேலே சொன்ன நன்மைகள் ஒன்றுகூட மெலிவால் வந்ததல்ல. குறைகளில் பெரும்பாலானவை மெலிவால் வந்தவை. விளம்பரம் விற்றது மெலிவை. மலைக்குப் பயன்பட்டது மூடி.

இன்று மடிப்புப் போன் இரண்டு வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. ஒன்று மடியும் திரை. 2025இல் வந்த சாம்சங் கலக்ஸி இசட் ஃப்ளிப் 7 மூடினால் 13.7 மில்லிமீற்றர், இருபது வருடம் கழித்து ரேசரின் அளவை ஒரு மயிரிழை தாண்டியிருக்கிறார்கள், எடை மட்டும் 188 கிராம். தண்ணீருக்கும் தாக்குப்பிடிக்கும். வெளியானபோது விலை 1,099 டொலர். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில், கொடுப்பனவுகளைச் சேர்க்காமல், அது சுமார் 240 நாள் பேர். இருபது வருடத்தில் சம்பளம் பல தடவை உயர்ந்தும் தூரம் பெரிதாகக் குறையவில்லை.

மற்றது பொத்தான் உள்ள மடிப்புப் போன். 2022இல் வந்த நொக்கியா 2660 ஃப்ளிப் 18.9 மில்லிமீற்றர் தடிப்பு, 123 கிராம், 1,450 மில்லிஅம்பியர் மணி பெட்டரி, பெரிய பொத்தான்கள், பக்கத்தில் அவசர அழைப்புப் பொத்தான். மெலிவை விட்டுவிட்டு மூடியை வைத்துக்கொண்ட போன். நான் கேட்டது கிடைத்துவிட்டது என்று சொல்லலாம், ஒரு குறை மட்டும் இல்லாவிட்டால்: அதில் வட்ஸ்அப் இல்லை. குவைத்திலிருக்கும் மகள் இன்று காசு கொடுத்துச் சர்வதேசக் கோல் எடுப்பதில்லை. வட்ஸ்அப்பிலோ இமோவிலோ முகத்தைக் காட்டிப் பேசுகிறாள். 2019இன் நொக்கியா 2720 ஃப்ளிப்பில் வட்ஸ்அப் இருந்தது, ஆனால் அதன் இயங்குதளத்துக்கான ஆதரவை அந்தச் செயலி 2025இல் நிறுத்திக்கொண்டது. கருவியில் கோளாறு எதுவும் இல்லாமலே வயதானவர்களுக்கு ஏற்ற போன் ஒன்று இப்படிப் பாதி ஊமையாகிவிட்டது. இந்தப் பழி போன் செய்தவர்களைவிடச் செயலி செய்தவர்களையே சேரும்.

தீபாவளிக்கு வீட்டுப் பெரியவர்களுக்குப் போன் வாங்கும் பிள்ளைகள் மெலிவைப் பார்க்க வேண்டாம். மூடி இருக்கிறதா, பொத்தான் விரலுக்குத் தட்டுப்படுகிறதா, டோர்ச் உண்டா, பெட்டரி ஆயிரத்துக்கு மேலா என்று பாருங்கள். சிம் போட்டு, உங்கள் நம்பரை ஒற்றைப் பொத்தானில் ஏற்றிக் கொடுத்துவிட்டு வாருங்கள். முகம் பார்த்துப் பேசுவதற்கு அதே காம்பராவில் இன்னொரு திரைப் போன் தேவைப்படும். இப்போதைக்கு அதற்கு மாற்று இல்லை.